கல்வி டிவி, ஆன்லைன் கிளாஸ், இல்லம் தேடிக் கல்வி: கொரோனா காலத்துல எது புள்ளைங்ககிட்ட போய் சேர்ந்துச்சு?

2020 மார்ச் நடுவுல ஸ்கூலை பூட்டினாங்க, ஒண்ணாவதுலேந்து எட்டாவது வரைக்கும் படிச்ச தமிழ்நாட்டு புள்ளைங்க திரும்ப கிளாஸுக்குள்ள கால் வெச்சது 2021 நவம்பர் 1ஆம் தேதி. 19 மாசத்துக்கு மேல. பெரிய பசங்களுக்கு நடுவுல தொறந்து தொறந்து மூடினாங்க (2021 ஜனவரி 19ல பத்தாவதும் பன்னெண்டாவதும், பிப்ரவரி 8ல ஒம்பதாவதும் பதினொண்ணாவதும், மார்ச் கடைசில பன்னெண்டாவது தவிர மத்தவங்களுக்கு மறுபடி பூட்டு), ஆனா சின்னதுங்களுக்கு அதுவும் கிடையாது. இந்த 19 மாசத்துலயும் அதுக்கு அப்புறமும் பாடம் போய் சேர நம்ம ஊர்ல மூணு வழி இருந்துச்சு, கல்வி டிவி, போன்ல ஆன்லைன் கிளாஸ், கடைசில அந்தந்த தெரு தன்னார்வலரே சொல்லிக் குடுக்கற இல்லம் தேடிக் கல்வி. எது நல்லதுன்னு இன்னிக்கும் டீக்கடைலயும் ஃபேஸ்புக்லயும் சண்டை போயிட்டுதான் இருக்கு, பாதிப் பேரு அவங்க கட்சிக்கு ஏத்த மாதிரி பதில் சொல்றாங்க, ஏன்னா டிவி ஆரம்பிச்சது ஒரு ஆட்சி, இல்லம் தேடிக் கல்வி இன்னொரு ஆட்சி. அதை ஓரமா வெச்சுட்டு நான் ஒரே ஒரு கேள்வியை மட்டும் வெச்சு பாக்கறேன்: புள்ளைக்கு பாடம் புரியலன்னா அது யாருக்கு தெரிய வரும்?

முதல்ல டிவி. இது கொரோனாவுக்காக வந்ததுன்னு நிறைய பேர் நெனச்சுட்டு இருக்காங்க, இல்ல. 2019 ஆகஸ்ட் 26லயே எடப்பாடி பழனிசாமி முதல்வரா இருக்கும்போது தொடங்கி வெச்சாரு, ஸ்டூடியோ கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துல, அரசு கேபிள்ல 200ஆம் நம்பர். அப்ப யாரும் பெருசா கண்டுக்கல. ஏழு மாசம் கழிச்சு ஸ்கூலெல்லாம் மூடினப்ப கையில ரெடியா ஒரு சேனல் இருந்துச்சு பாருங்க, அது நெஜமாவே அதிர்ஷ்டம்தான், பல மாநிலத்துல அப்பதான் தூர்தர்ஷன்கிட்ட நேரம் கேட்டு ஓடிட்டு இருந்தாங்க. பாடம் எடுத்தவங்க நல்லாவே எடுத்தாங்க, அதுல குறை சொல்ல மாட்டேன், சில அறிவியல் பாடமெல்லாம் பெரியவங்க உக்காந்து பாக்கற மாதிரி இருந்துச்சு, யூடியூப்லயும் போட்டாங்க. ரீசார்ஜ் செலவு இல்ல, தமிழ்நாட்டுல டிவி இல்லாத வீடு ரொம்ப கம்மி (கலைஞர் ஆட்சில குடுத்த இலவச டிவி இன்னும் ஓடற வீடெல்லாம் இருக்கு), அதனால போய் சேர்ற தூரத்துல மத்த ரெண்டும் இதுகிட்ட நிக்க முடியாது.

சிக்கல் என்னன்னா ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு டைம் ஸ்லாட். நாலாவது படிக்கிற தம்பி, எட்டாவது படிக்கிற அக்கா, ரெண்டு பேருக்கும் வேற வேற நேரம், வீட்ல அம்மா அப்பா ரெண்டு பேரும் வேலைக்கு போயாச்சு, அந்த நேரத்துக்கு டிவியை போட்டு உக்கார வெக்கறது யாரு? கரண்ட் போச்சுன்னா அன்னிக்கு பாடம் போச்சு. அப்படியே உக்காந்தாலும் அவன் முழிக்கிறது அந்தப் பக்கம் இருக்கற டீச்சருக்கு தெரியாது. நான் போட்ட கேள்விக்கு டிவியோட பதில்: யாருக்கும் தெரியாது.

கேரளாவும் டிவியைத்தான் நம்பினாங்க, ஆனா அங்க செஞ்சது கொஞ்சம் வேற. 2020 ஜூன் 1ஆம் தேதி, வழக்கமா ஸ்கூல் தொறக்கற அன்னிக்கே, அவங்க அரசோட கல்வி சேனல் விக்டர்ஸ்ல ஃபர்ஸ்ட் பெல்னு கிளாஸை ஆரம்பிச்சுட்டாங்க. அதுக்கு முன்னாடி டிவியோ போனோ இல்லாத புள்ளைங்க எத்தனைன்னு ஸ்கூல் வழியா கணக்கெடுத்தாங்க, ரெண்டரை லட்சத்துக்கும் மேலன்னு வந்துச்சு. அந்தப் புள்ளைங்களுக்காக நூலகம், அங்கன்வாடி மாதிரி இடங்கள்ல டிவி வெச்சு கொஞ்சம் கொஞ்சமா உக்கார வெச்சாங்க, டீச்சருங்க வாட்ஸப்லயோ போன் பண்ணியோ கேக்கணும்னும் இருந்துச்சு. எல்லா இடத்துலயும் ஒழுங்கா நடந்துச்சுன்னு சொல்ல வரல. ஆனா யாருக்கு இல்லைன்னு முதல்ல எண்ணிட்டு அப்புறம் திட்டம் போட்டாங்க. நம்ம ஊர்ல ஒளிபரப்பு நல்லா இருந்துச்சு, அந்தப் பக்கம் யார் பாக்கறாங்கன்னு எண்ணின மாதிரி தெரியல. பன்னெண்டாவது பசங்களுக்கு மட்டும் ஒரு நல்ல வேலை செஞ்சாங்க, அரசு குடுத்த லேப்டாப்பை எடுத்துட்டு ஸ்கூலுக்கு வரச் சொல்லி ஹைடெக் லேப்ல பாட வீடியோவை காப்பி பண்ணி குடுத்தாங்க, நெட்டே இல்லாம பாக்கலாம், திரும்பத் திரும்ப பாக்கலாம். என்னைக் கேட்டா அந்த முதல் வருஷத்துல வந்த யோசனைகள்லயே உருப்படியானது இதுதான், ஆனா லேப்டாப் கையில இருந்தவங்களுக்குத்தானே.

அடுத்து ஆன்லைன். தனியார் ஸ்கூலுக்கு இதை விட்டா வேற வழி இல்ல, கிளாஸ் நடந்தாதான ஃபீஸ் கேக்க முடியும், சென்னை ஹைகோர்ட்டும் 2020 ஜூலைல 75 சதவீதம் ஃபீஸை ரெண்டு தவணையா வாங்கிக்கலாம்னு சொல்லிடுச்சு. ஜூம், கூகுள் மீட், வாட்ஸப் ஆடியோன்னு ஆளாளுக்கு ஒண்ணு. நல்லா நடந்த இடத்துல இது டிவியை விட எவ்வளவோ மேல, புரியலன்னா அன்மியூட் பண்ணி கேக்கலாம், டீச்சருக்கு பேரு தெரியும், மூஞ்சி தெரியும். சொந்தமா ரூம், வைஃபை, பக்கத்துல படிச்ச அம்மாவோ அப்பாவோ இருந்த புள்ளைங்களுக்கு பெருசா ஒண்ணும் நஷ்டம் இல்லைன்னே சொல்லலாம்.

ஆனா அந்த மாதிரி வீடு எத்தனை? எங்க தெருவுல ஒரு கொத்தனார் வீடு, ரெண்டு புள்ளைங்க, வீட்டுக்கே ஒரு ஆண்ட்ராய்டு போன், அது அப்பா பாக்கெட்ல. காலைல ஆறரைக்கு சைட்டுக்கு போனா ராத்திரி ஏழரைக்கு வருவாரு, அதுக்குள்ள டீச்சர் அனுப்பின ஹோம்வொர்க் போட்டோ, ஆடியோ, குட் மார்னிங் பூங்கொத்து எல்லாம் சேர்ந்து நூறு மெசேஜ் கெடக்கும், அதுல எது நாலாவது எது ஏழாவதுன்னு தேடறதுக்குள்ளயே சார்ஜ் போயிடும், இல்லன்னா அன்னிக்கு டேட்டா முடிஞ்சிருக்கும். பெரியவளுக்கு படிக்கணும்னு ஆசை, அதனால அவ எழுதிடுவா. சின்னவன் அக்கா எழுதினதையே பாத்து எழுதி போட்டோ எடுத்து அனுப்புவான், டீச்சர்கிட்டேந்து ரெண்டு கைத்தட்டல் எமோஜி வரும். அந்தக் கைத்தட்டலை வெச்சு அவனுக்கு வகுத்தல் தெரியுமா தெரியாதான்னு எவனால சொல்ல முடியும்?

2021 ஆகஸ்ட்ல பொருளாதார அறிஞர் ஜீன் டிரேஸ் குழுவினர் தமிழ்நாடு உட்பட 15 மாநில, யூனியன் பிரதேசங்கள்ல வசதி கம்மியான வீடுகள்ல போய் கேட்டப்ப, கிராமத்துல ஒழுங்கா ஆன்லைன்ல படிச்ச புள்ளைங்க 8 சதவீதம், நகரத்துல 24 சதவீதம்னு வந்துச்சு. இது நாட்டு கணக்கு, நம்ம மாநிலத்துக்கு தனியா இல்ல, ஆனா நம்ம கிராமங்களை பாத்தவங்களுக்கு இந்த நம்பர் ஆச்சரியமா இருக்காது. இன்னொண்ணு, காலேஜ் பசங்களுக்கு 2021 ஜனவரிலேந்து ஏப்ரல் வரைக்கும் தினம் 2 ஜிபி டேட்டா அரசே இலவசமா குடுத்துச்சு. ஓட்டு இருக்கற வயசு, புரியுது. ஏழாவது படிக்கிறவனுக்கு யாரும் சிம் கார்டு நீட்டல.

இப்ப மூணாவது. 2021 அக்டோபர் 27, விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் பக்கத்துல முதலியார்குப்பத்துல மு.க.ஸ்டாலின் இல்லம் தேடிக் கல்வியை தொடங்கி வெச்சாரு. 200 கோடி ரூபா ஒதுக்கினாங்க, முதல்ல 12 மாவட்டத்துல பாத்துட்டு அப்புறம் மாநிலம் பூரா. அதே ஊர்ல அதே தெருவுல இருக்கற ஒருத்தரு, பெரும்பாலும் பொண்ணுங்க, சாயங்காலம் 5லேந்து 7 மணிக்குள்ள ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் சுமார் இருபது புள்ளைங்களுக்கு சொல்லிக் குடுக்கணும். அஞ்சாவது வரைக்கும் எடுக்க ப்ளஸ் டூ படிச்சிருந்தா போதும், ஆறுலேந்து எட்டுக்கு டிகிரி. மாசம் ஆயிரம் ரூபா. கிட்டத்தட்ட 2 லட்சம் பேர் சேர்ந்தாங்க, கலைக்குழு ஊர் ஊரா போய் ஆடிப் பாடி ஆள் சேர்த்துச்சு. ஆரம்பத்துல இது மத்திய அரசோட தேசிய கல்விக் கொள்கை பின்வாசல் வழியா வர்றதுதான்னு அப்ப ஆளுங்கட்சியா இருந்த தி.மு.க.வுக்கு வேண்டியவங்களே சத்தம் போட்டாங்க, யார் வேணா தன்னார்வலர்னு உள்ள வந்துட்டா என்ன பண்றதுன்னு ஒரு பயம், அது நியாயமான பயமும்கூட.

நான் பாத்த சென்டர் ஒரு ஓட்டு வீட்டுத் திண்ணை. பி.ஏ. முடிச்சுட்டு கல்யாணம் ஆகி வீட்ல இருந்த ஒரு பொண்ணுதான் அங்க சொல்லிக் குடுக்கற அக்கா. 52லேந்து 27 கழிக்கணும், கடன் வாங்கற கழித்தல், ஒரு பையன் 35னு எழுதி வெச்சிருக்கான், அதாவது மேல கீழ பாக்காம பெருசுலேந்து சின்னதை கழிச்சுட்டான். அவன் நோட்டை எட்டிப் பாத்ததுமே அக்காவுக்கு புரிஞ்சு போச்சு, உள்ள போயி ஒரு கை புளியங்கொட்டை எடுத்துட்டு வந்து பத்து பத்தா குவிச்சு ஒரு குவியலை கலைச்சு காட்டுச்சு, அவ்ளோதான், அடுத்த கணக்கை அவனே போட்டான். "டேய் இதை ஏன்டா இவ்ளோ நாள் கேக்கல?"ன்னுச்சு. "யாரை கேக்கறது?"ன்னான். என் கேள்விக்கு இந்த மூணுல உருப்படியா பதில் இருக்கறது இங்கதான், டிகிரியை விட எட்டிப் பாக்கற தூரத்துல ஒரு ஆள் இருந்ததுதான் விஷயம்.

இது என் ஒரு தெரு அனுபவம் மட்டும் இல்ல. பொருளாதார ஆய்வாளருங்க கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ மூணு பேரும் கிராமப்புற தமிழ்நாட்டுல சுமார் 19,000 குழந்தைங்களை வெச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க. 2021 டிசம்பர்ல பாத்தப்ப, கொரோனாவுக்கு முன்னாடி அதே வயசு புள்ளைங்க இருந்த நிலைமையோட ஒப்பிட்டா கணக்குல பெரிய பள்ளம், தமிழ்ல அதுல பாதி. அடுத்த ஆறு மாசத்துல அந்தப் பள்ளத்துல மூணுல ரெண்டு பங்கு மூடிடுச்சு. அப்படி மூடினதுல ஏறக்குறைய 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வியால வந்ததுன்னு கணக்கு சொல்றாங்க, வசதி இல்லாத வீட்டுப் புள்ளைங்களுக்குத்தான் இது அதிகம் கைகொடுத்திருக்கு.

இதை வெச்சு தி.மு.க. ஆளுங்க காலரை தூக்கி விட்டுக்கலாம், ஆனா அதே கணக்கை திருப்பிப் பாருங்க. மிச்சம் முக்கால் பங்கு? அதுல பெரும்பங்கு ஸ்கூல் தொறந்ததாலயே வந்திருக்கணும். அதாவது டிவியும் போனும் 19 மாசம் முட்டி மோதியும் விட்ட பள்ளத்தை, சாதாரண சர்க்கார் ஸ்கூல், சாதாரண டீச்சர், மத்தியானம் முட்டையோட சாப்பாடு, இதெல்லாம் ஆறு மாசத்துல ஏறக்குறைய பாதி மூடிடுச்சு. அப்ப நான் கேக்கறது, திண்ணை வகுப்புக்கு ஏன் 2021 அக்டோபர் வரைக்கும் காத்திருந்தோம்? அது ஸ்கூல் மூடியிருந்தப்பதானே வேணும், தொறக்கறதுக்கு அஞ்சு நாள் முன்னாடியா?

கர்நாடகா அவசரப்பட்டுச்சு. 2020 ஆகஸ்ட்லயே வித்யாகமான்னு ஒரு திட்டம், டீச்சருங்களே ஊருக்குள்ள போய் மரத்தடி, கோயில் வளாகம்னு புள்ளைங்களை சின்னச் சின்ன குழுவா உக்கார வெச்சு எடுக்கணும், போன் இருக்கா இல்லையான்னு பாத்து புள்ளைங்களை பிரிச்சுக்கிட்டாங்க. யோசனை பிரமாதம், ஆனா டீச்சருங்களுக்கும் புள்ளைங்களுக்கும் தொற்று வந்து ஒரே களேபரம் ஆகி அக்டோபர்ல நிறுத்திட்டாங்க. தடுப்பூசியே இல்லாத காலம், ஒரே டீச்சர் ஊர் ஊரா சுத்தினா அப்படித்தான் ஆகும். நம்ம திட்டத்துல அதே தெரு ஆளு அதே தெருவுலயே எடுக்கறதால அந்த ஆபத்து கம்மி. அதனால என் தீர்ப்பு, கர்நாடகா ரெண்டு மாசம் ஓட்டினாலும் சரியான நேரத்துல ஓட்டினாங்க, நாம சரியான திட்டத்தை தப்பான நேரத்துல கொண்டு வந்தோம். முதல் அலை அடங்கி 2021 ஜனவரி, பிப்ரவரில தொற்று கம்மியா இருந்துச்சே, அப்ப இந்த 2 லட்சம் பேர் அதே திண்ணைலதான் சும்மா உக்காந்திருந்தாங்க. மாசம் ஆயிரம் ரூபாங்கறதும் ரொம்ப கம்மி, அதை தொண்டுன்னு சொல்லி சமாளிச்சாங்க, சமாளிப்புதான்.

பரீட்சை விஷயத்தையும் சேர்த்துப் பாக்கணும், ஏன்னா புள்ளை பின்தங்கியிருக்குன்னு வீட்டுக்கு தெரியற கடைசி வழி அதுதான். கேரளா 2020 மே கடைசில எஸ்.எஸ்.எல்.சி.யை (பத்தாவது பரீட்சை) நடத்தி முடிச்சுட்டாங்க, கர்நாடகா ஜூன் 25லேந்து நடத்தினாங்க. நாம ஜூன் 15க்கு தேதியை வெச்சுட்டு ஜூன் 9ஆம் தேதி ரத்து பண்ணோம். சென்னை அப்ப இருந்த நிலைமைக்கு ரத்து பண்ணது சரின்னுதான் சொல்வேன். மார்க் போட்ட விதம்தான் இடிக்குது: காலாண்டு, அரையாண்டுலேந்து 80 சதவீதம், வருகைப்பதிவுலேந்து 20. அரையாண்டு பேப்பரை எப்படி திருத்துவாங்கன்னு நம்ம ஊர்ல படிச்ச எல்லாருக்கும் தெரியும், பயம் காட்டறதுக்காக கையை இறுக்கித்தான் போடுவாங்க, பப்ளிக்ல பாத்துக்கலாம்னு பசங்களும் அசால்ட்டா எழுதுவாங்க. அந்த மார்க் நிரந்தரமா சர்டிஃபிகேட்ல ஏறிடுச்சு.

அந்த செட்டுக்கு அதோட முடியல. 2020ல பத்தாவது ரத்து, 2021ல பதினொண்ணாவது ஆல் பாஸ், நேரா 2022 மே மாசம் ப்ளஸ் டூ ஹாலுக்குள்ள கொண்டு போய் உக்கார வெச்சாங்க. அந்தப் பசங்க வாழ்க்கையில எழுதின முதல் பப்ளிக் எக்ஸாமே அதுதான்.