வெந்நீரா, குளிர்நீரா, சாப்பாட்டுக்கு முன் இரண்டு டம்ளரா?

எடையைக் குறைக்க வேண்டும் என்று யாரிடமாவது சொன்னால் போதும், 'நிறையத் தண்ணீர் குடியுங்கள்' என்ற பதில் உடனே வந்துவிடும். எந்தத் தண்ணீர், எப்போது என்று கேட்டால்தான் சண்டை. விடியற்காலையில் வெந்நீர் என்பார் ஒருவர். அதில் எலுமிச்சையும் தேனும் சேர வேண்டும் என்பார் அடுத்தவர். ஐஸ் தண்ணீர்தான் கலோரியை எரிக்கும் என்பார் உடற்பயிற்சிக் கூடத்துப் பயிற்சியாளர். சாப்பாட்டுக்கு நடுவே ஒரு வாய்கூடக் குடிக்கக் கூடாது என்று வீட்டுப் பெரியவர் அதட்டுவார். எல்லாரும் சொல்வதைக் கேட்டால் நாள் முழுவதும் தண்ணீரிலேயே கழியும். இவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தால் எது தேறும் என்பதுதான் கேள்வி.

தராசு முள் இறங்குவதும் கொழுப்புக் குறைவதும் ஒன்றல்ல என்பதை முதலில் மனத்தில் வைக்க வேண்டும். சோற்றையும் இனிப்பையும் குறைத்த முதல் வாரத்தில் எடை மளமளவென்று இறங்கும். ஈரலிலும் தசையிலும் சேமித்திருந்த கிளைகோஜன் என்ற மாவுச்சத்து செலவாவதே அதற்கு முக்கியக் காரணம். அதில் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும், செலவாகும்போது அந்த நீரும் போய்விடும். எனவே 'ஒரே வாரத்தில் 3 கிலோ' என்று எந்தத் தண்ணீரைப் பற்றி யார் சொன்னாலும் நம்ப வேண்டியதில்லை. குறைந்தது 12 வாரமாவது பார்த்த ஆய்வுகளைத்தான் கணக்கில் எடுக்கலாம்.

குளிர்நீரும் வெந்நீரும்

குளிர்நீர்க் கட்சிக்கு ஆதாரம் என்று பெரும்பாலும் காட்டப்படுவது 2003-இல் பெர்லினில் நடந்த ஒரு சிறிய ஆய்வு. உடல்நலம் நன்றாக இருந்த 14 பேர் அரை லிட்டர் நீர் குடித்ததும் அவர்களுடைய உடல் ஆற்றலைச் செலவிடும் வேகம் 30 சதவீதம் வரை கூடியது என்றது அது. 30 சதவீதம் என்பது கேட்கப் பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஏற்றம் சிறிது நேரமே நீடித்தது. அதே ஆய்வின் கணக்குப்படி அரை லிட்டருக்குக் கூடுதலாகச் செலவானது சுமார் 24 கலோரி. ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையில் 20 கலோரி இருக்கிறது.

அதுவும் நிலைக்கவில்லை. 2006-இல் சுவிட்சர்லாந்தில் இன்னொரு குழு இதைச் செய்து பார்த்தபோது, அறை வெப்பநிலையில் இருந்த நீர் எந்த மாற்றத்தையும் தரவில்லை. 3 டிகிரிக்குக் குளிர்வித்த நீர் ஒரு மணி நேரத்துக்கு 4.5 சதவீதம் ஏற்றம் தந்தது, அவ்வளவுதான். பள்ளிக்கூட இயற்பியலும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. 4 டிகிரியில் இருக்கும் அரை லிட்டர் நீரை உடம்பின் சூடான 37 டிகிரிக்குக் கொண்டுவரத் தேவைப்படுவது பதினாறரைக் கலோரி. நாள் முழுக்க 2 லிட்டர் ஐஸ் தண்ணீர் குடித்தாலும் 66 கலோரி. ஏறத்தாழ ஓர் இட்லி. சென்னையில் மே மாதத்தில் அந்த ஓர் இட்லிகூடக் கணக்கில் வருமா என்பது சந்தேகமே. உடம்பு ஏற்கெனவே மிஞ்சிய சூட்டை வெளியேற்றத்தான் வியர்த்துக் கொட்டிக்கொண்டிருக்கிறது. அப்போது உள்ளே போகும் குளிர்நீர் அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளும். புதிதாக எதையும் எரிக்க வேண்டிய தேவை உடம்புக்கு இல்லை.

வெந்நீர்க் கட்சியின் வாதம் கண்ணால் பார்த்ததிலிருந்து வருகிறது. நெய்ப் பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றினால் பிசுக்கு இளகும், வயிற்றிலும் அப்படித்தானே என்பது அது. இடுப்பைச் சுற்றி இருக்கும் கொழுப்பு இரைப்பைக்குள் இல்லை. அது தோலுக்கு அடியிலும் குடலைச் சுற்றியும் உயிரணுக்களுக்குள் அடைபட்டிருக்கிறது. குடித்த வெந்நீரும் சிறிது நேரத்தில் உடல் சூட்டுக்கே வந்துவிடும். ஆனாலும் வெந்நீருக்கு ஒரு மதிப்பெண் கொடுக்கலாம். காலையில் சர்க்கரை போட்ட காப்பிக்குப் பதிலாக அதைக் குடிக்கிறவர் உண்மையிலேயே எதையோ மிச்சம் பிடிக்கிறார். காப்பிக்கு முன்னால் அதையும் குடித்துவிட்டுக் காப்பியையும் குடிக்கிறவருக்கு மிச்சம் ஒன்றும் இல்லை.

தேன், சீரகம், வெந்தயம்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எலுமிச்சைச் சாறு கொழுப்பைக் கரைக்காது, கெடுதலும் செய்யாது. தேன் விஷயம் வேறு: ஒரு மேசைக்கரண்டியில் 60 கலோரிக்கு மேல் இருக்கிறது. எடை குறைப்பதற்காகக் குடிக்கும் நீரில் மூன்று கரண்டிச் சர்க்கரைக்கு ஈடானதைக் கலந்துகொள்வது என்ன கணக்கோ தெரியவில்லை. சீரகத் தண்ணீர் மணமாக இருக்கும். வெறும் நீர் இறங்காதவர்களுக்கு அது நல்ல வழி, அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். வெந்தயத்தின் பயன் அதன் நார்ச்சத்தில் இருக்கிறது, அது பெரும்பாலும் விதையோடுதான் தங்கும். ஊறிய நீரை மட்டும் குடித்துவிட்டு விதையைக் கொட்டுகிறவர்கள் சரக்கைக் கொட்டிவிட்டுக் கசப்பைக் குடிக்கிறார்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பவர்கள் வெந்தயத்தை அளவு மீறிச் சேர்க்கும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்வது நல்லது.

சாப்பாட்டுக்கு முன் அரை லிட்டர்

போட்டியாளர்களில் முறையான சோதனையில் ஓரளவு தேறியது இதுதான். அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகக் குழு 2010-இல் வெளியிட்ட ஆய்வில் 55 முதல் 75 வயது வரையிலான 48 பேர் பங்கேற்றார்கள். எல்லாருக்கும் கலோரி குறைந்த உணவுத் திட்டம். பாதிப் பேர் மட்டும் மூன்று வேளையும் சாப்பாட்டுக்கு முன் அரை லிட்டர் நீர் குடிக்க வேண்டும். 12 வார முடிவில் நீர் குடித்த குழு மற்றக் குழுவைவிடச் சுமார் 2 கிலோ கூடுதலாக இழந்திருந்தது.

2015-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழக ஆய்வு இதை உடற்பருமன் உள்ள 84 பேரிடம் சோதித்தது. ஒரு குழு சாப்பாட்டுக்கு அரை மணி நேரத்துக்கு முன் அரை லிட்டர் நீர் குடித்தது. மற்றக் குழுவுக்கு ஒரு வேடிக்கையான வேலை: வயிறு நிறைந்திருப்பதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டும். கற்பனையாலும் கொஞ்சம் எடை குறையத்தான் செய்தது. ஆனாலும் நீர்க் குழு சராசரியாக 1.3 கிலோ கூடுதலாகக் குறைந்தது. மூன்று வேளையும் தவறாமல் குடித்ததாகச் சொன்னவர்கள் 4.3 கிலோ குறைந்தார்கள். ஒரு வேளை மட்டும் குடித்தவர்களும் குடிக்காதவர்களும் 0.8 கிலோ. இந்தக் கடைசி எண்ணைத்தான் எல்லாரும் எடுத்துக்காட்டுவார்கள். எதையும் தவறாமல் செய்கிற சுபாவம் உள்ளவர் சாப்பாட்டு விஷயத்திலும் கட்டாக இருந்திருப்பார். அந்த 4.3 முழுவதையும் தண்ணீரின் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை. 1.3 என்பதே நியாயமான எண்.

யாருக்கு இது பலிக்கும் என்பதிலும் வேறுபாடு உண்டு. வர்ஜீனியா குழுவே முன்னதாகச் செய்த சோதனைகளில், சாப்பாட்டுக்கு முன் நீர் குடித்தபோது வயதானவர்கள் குறைவாகச் சாப்பிட்டார்கள்; இளைஞர்களிடம் அந்தக் குறைவு தெரியவில்லை. வயதாக ஆக இரைப்பை காலியாவது மெதுவாகும், அதனால் நீர் கொஞ்ச நேரம் தங்கி நிரம்பிய உணர்வைத் தருகிறது என்பது சொல்லப்படும் விளக்கம். ஆகவே ஐம்பத்தைந்தைத் தாண்டி, உணவையும் அளந்து சாப்பிடுகிற ஒருவர் இதை நம்பிச் செய்யலாம். இருபத்தைந்து வயதில் இரண்டு டம்ளர் நீரைக் குடித்துவிட்டுப் புரோட்டாக் கடைக்குப் போகிறவருக்கு இது கைகொடுக்காது.

நம் ஊரில் இதற்கு இன்னொரு தடையும் உண்டு. ஒரு வேளைக்கு அரை லிட்டர் குடித்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் கழிப்பறை வேண்டும். ஜவுளிக் கடையில் நாள் முழுக்க நிற்கிற பெண்ணும், பேருந்து நடத்துநரும், சாலைச் சந்திப்பில் நிற்கும் காவலரும் தண்ணீரை வேண்டுமென்றே குறைத்துக்கொள்கிறார்கள். அவர்களிடம் போய் 'மூன்று லிட்டர் குடியுங்கள்' என்று சொல்வதற்கு முன் கழிப்பறையைக் கட்டித் தர வேண்டும்.

கிண்ணத்தில் ரசம்

நீரைத் தனியாகக் குடிப்பதைவிட உணவுக்குள் வைத்துச் சாப்பிடுவது மேல் என்பதற்கு ஓர் அழகான சோதனை இருக்கிறது. 1999-இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்பரா ரோல்ஸ் குழு 24 பெண்களுக்கு மதிய உணவுக்கு முன் ஒரு பண்டத்தைக் கொடுத்தது. ஒரு நாள் கோழியும் அரிசியும் சேர்ந்த கெட்டிப் பண்டம். ஒரு நாள் அதே பண்டமும் பக்கத்தில் ஒரு டம்ளர் நீரும். இன்னொரு நாள் அதே நீரைப் பண்டத்திலேயே ஊற்றிச் செய்த சூப். பொருள் ஒன்று, கலோரி ஒன்று. சூப் குடித்த நாளில் அடுத்து வந்த மதிய உணவில் சுமார் 100 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள். பக்கத்தில் வைத்துக் குடித்த நீரால் எந்தக் குறைவும் இல்லை.

நம் சமையலில் இதற்கு ஏற்றது ரசம். ஆனால் வரிசைதான் எடைக்கு எதிராக இருக்கிறது. சாம்பார் சாதம் முடிந்த பிறகு ரசம் வருகிறது. ரசத்துக்கென்று இன்னொரு கரண்டிச் சோறும் கூடவே வருகிறது. அதே ரசத்தைச் சோறில்லாமல் ஒரு கிண்ணத்தில் முதலில் குடித்தால் அந்தச் சூப்பின் வேலையை அது செய்யக்கூடும். கொள்ளு ரசமாக இருந்தால் புரதமும் கொஞ்சம் சேரும். 'கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்றார்கள். அதைத் தண்ணீராகக் கரைத்துக் கொடுக்கும் பக்குவமும் நம் அடுக்களையில் இருக்கிறது.

எதற்குப் பதிலாகக் குடிக்கிறோம்?

என் தீர்ப்பு இங்கேதான் சாய்கிறது. குளிர்ச்சியும் சூடும் நேரமும் தருவதைவிட, நீர் எதை ஓரங்கட்டுகிறது என்பதே பெரிய தொகை. நாளுக்கு நான்கு முறை, இரண்டு கரண்டிச் சர்க்கரை போட்டுத் தேநீர் குடிப்பவர் சர்க்கரையில் மட்டும் 160 கலோரி குடிக்கிறார், பால் தனி. கோலா வகைப் பானம் 300 மில்லியில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை, 120 கலோரிக்குக் குறையாது. இவற்றில் இரண்டை நீருக்கு மாற்றினாலே நாள் முழுக்கக் குடித்த ஐஸ் தண்ணீர் தரும் லாபத்தைத் தாண்டிவிடலாம்.

இதையும் மந்திரமாக்க வேண்டாம். 2012-இல் வெளியான வட கரோலினா ஆய்வில் 318 பேர் ஆறு மாதம் பங்கேற்றார்கள். இனிப்புப் பானத்தை நீருக்கு மாற்றியவர்கள் உடல் எடையில் சுமார் 2 சதவீதம் குறைந்தார்கள். சர்க்கரையற்ற டயட் பானத்துக்கு மாற்றியவர்கள் 2.5 சதவீதம், பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்கள் 1.8 சதவீதம். புள்ளியியல்படி இந்தச் சராசரிகளுக்குள் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பானத்தில் மிச்சமான கலோரியைத் தட்டில் ஈடுகட்டிவிட்டால் அப்படித்தான் ஆகும். டீயில் சர்க்கரையை நிறுத்திவிட்டுக் கூடவே இரண்டு வடை சாப்பிடுவதைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நீரா, டயட் பானமா என்ற போட்டியில் ஆய்வுகள் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. 2014-இல் கொலராடோ ஆய்வு 12 வாரத்தில் டயட் பானக் குழு சுமார் 6 கிலோவும் நீர்க் குழு 4 கிலோவும் குறைந்ததாகச் சொன்னது. அதற்குப் பணம் தந்தது அமெரிக்கப் பானத் தயாரிப்பாளர் சங்கம். 2015-இல் ஈரானில் பெண்களிடம் நடந்த ஆய்வில் 24 வாரத்தில் நீர்க் குழு 8.8 கிலோ, டயட் பானக் குழு 7.6 கிலோ. உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம், எடையைக் கட்டுப்படுத்தச் செயற்கை இனிப்புகளை நம்ப வேண்டாம் என்று பரிந்துரைத்தது. கோலாவை விட முடியாதவருக்கு டயட் பானம் சில மாதத்துக்கு உதவலாம். கோலாவே குடிக்காதவர் அதைப் புதிதாகத் தொடங்கக் காரணம் எதுவும் இல்லை.

இளநீர் நல்ல பானம்தான், ஆனால் தண்ணீர் அல்ல. ஒரு டம்ளரில் 50 கலோரி அளவுக்கு இருக்கும். வெயிலில் உழைத்து வந்தவருக்கு அது வேண்டும். ஏசி அறையில் உட்கார்ந்து எடை குறைக்கிறவர் தினம் இரண்டு குடித்துவிட்டு அதைத் தண்ணீர்க் கணக்கில் சேர்க்கக் கூடாது. வெண்ணெய் எடுத்துப் பெருக்கிய நீர்மோர் அதைவிட லேசானது.

எவ்வளவு?

நாளுக்கு எட்டு டம்ளர் என்ற விதியை 2002-இல் அமெரிக்கச் சிறுநீரகவியல் அறிஞர் ஹைன்ஸ் வால்டின் அலசி, நலமாக இருப்பவர் எல்லாருக்கும் அது தேவை என்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று எழுதினார். 1945-இல் அமெரிக்க உணவு வாரியம் இரண்டரை லிட்டர் என்று குறிப்பிட்டபோது, அதில் பெரும்பகுதி உணவிலேயே இருக்கிறது என்று அடுத்த வரியில் சேர்த்திருந்தது. அந்த அடுத்த வரியை யாரும் படிக்கவில்லை போலும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதுமான அளவு குடிக்கிறோம் என்று கொள்ளலாம்.

ஆர்வத்தில் ஒரே மூச்சில் லிட்டர் கணக்கில் குடிப்பது ஆபத்து. சிறுநீரகம் மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர்தான் வெளியேற்றும். அதற்கு மேல் போனால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். 2002-இல் பாஸ்டன் மாரத்தானில் பரிசோதித்த 488 ஓட்டக்காரர்களில் 13 சதவீதம் பேருக்கு அப்படி ஆகியிருந்தது. இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கும் முற்றிய சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கும் மருத்துவர் நாளுக்கு இவ்வளவுதான் என்று நீரை அளந்து கொடுத்திருப்பார். அவர்கள் எடைக்காக அதில் ஒரு டம்ளரைக்கூடத் தாமாகக் கூட்டக் கூடாது.