ஆக்‌ஷன் ஆர்பிஜி கற்க சாட்பாட் உதவுமா: 14 மாத அனுபவம்

பாத் ஆஃப் எக்சைல் என்ற ஆர்பிஜியை, அதாவது எதிரிகளை அடித்து லெவல் ஏறிக் கதாபாத்திரத்தை வளர்க்கும் கணினி விளையாட்டை, நான் மூன்று முறை தொடங்கியிருக்கிறேன். முதல் இரண்டு முறையும் ஸ்கில் மரத்திடம், கதாபாத்திரத்தின் பலங்களைத் தேர்ந்தெடுக்கும் வரைபடத்திடம், தோற்று வெளியேறினேன். 1300க்கும் மேற்பட்ட புள்ளிகள் விண்மீன்களைப் போலத் திரை முழுக்க விரிந்து கிடக்கும். ஒரு லெவல் ஏறினால் ஒரு புள்ளி கைக்கு வரும். அதை எங்கே வைப்பது என்று கேட்க ஆள் இல்லை. வழிகாட்டிக் கட்டுரைகளுக்குப் பஞ்சமில்லை; ஆனால் பெரும்பாலானவை ஏற்கெனவே ஆடத் தெரிந்தவர்களுக்காக எழுதப்பட்டவை. ஒரு பத்தி புரிய வேறு நான்கு பக்கங்களைப் படிக்க வேண்டியிருந்தது.

மூன்றாம் முறை தொடங்கியபோது பக்கத்திலேயே ஓர் ஏஐ சாட்பாட்டைத் திறந்து வைத்துக்கொண்டேன். இப்போது 14 மாதங்கள் ஆகின்றன. இடையில் மூன்று சாட்பாட்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினேன். பெயர் சொல்லி ஒப்பிடப் போவதில்லை. மூன்றின் பலமும் பலவீனமும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் இருந்தன.

முதல் மாதம் வீணானது. "புதியவருக்கு ஏற்ற பலமான பில்ட் ஒன்று சொல்" என்று கேட்டேன். பில்ட் என்றால் கதாபாத்திரத்தை வளர்க்கும் முழுத் திட்டம். எந்த வகுப்பு, எந்த ஸ்கில், மரத்தில் எந்தெந்தப் புள்ளிகள் என்று அழகான பதில் வந்தது. அதில் ஒரு புள்ளியின் பெயரை மரத்தின் தேடல் பெட்டியில் தட்டினேன், எதுவும் ஒளிரவில்லை. எழுத்துப் பிழையாக இருக்கும் என்று பல விதமாகத் தட்டிப் பார்த்தேன். அப்படி ஒரு புள்ளியே விளையாட்டில் இல்லை. கேட்டதும் மன்னிப்புக் கேட்டு வேறொரு பெயரைத் தந்தது. அதுவும் இல்லை. இருக்கிற புள்ளிகளை மட்டும் பின்பற்றி ஐம்பது லெவல் வரை போன அந்தக் கதாபாத்திரம் பாதி வில்லாளியாகவும் பாதி மந்திரவாதியாகவும் ஆகி, எதற்கும் உதவாமல் நின்றுவிட்டது. புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: முழு பில்டை சாட்பாட்டிடம் கேட்காதீர்கள். அதற்கு அனுபவமுள்ள ஒரு மனிதர் எழுதிய, நடப்பு லீக்குக்கான (சில மாதங்களுக்கு ஒரு முறை புதிதாகத் தொடங்கும் ஆட்டப் பருவம்) வழிகாட்டியை எடுத்துக்கொள்ளுங்கள்.

பின் எதற்குத்தான் உதவியது? அந்த வழிகாட்டியைப் புரிந்துகொள்ள. இங்கே அதற்கு நான் நிறையவே கடன்பட்டிருக்கிறேன்.

வழிகாட்டியில் ஓர் இடத்தில் 'இன்கிரீஸ்டு' என்றும் இன்னோர் இடத்தில் 'மோர்' என்றும் இருந்தது. இரண்டும் 'கூடுதல்' என்றுதானே பொருள் தரும் என்று பல வாரங்கள் கவனிக்காமல் கடந்துவிட்டேன். ஒருநாள் சாட்பாட்டிடம் கேட்டபோது எண்களை வைத்து விளக்கியது. அடிப்படைச் சேதம் 100. ஏற்கெனவே 200 சதவீதம் இன்கிரீஸ்டு இருக்கிறது, ஆக 300. இதன்மேல் 20 சதவீதம் இன்கிரீஸ்டு வந்தால், அது பழைய 200உடன் கூடி 220 ஆகும்; சேதம் 320. அதே 20 சதவீதம் மோர் என்று வந்தால், அந்த 300ஐயே பெருக்கும், சேதம் 360. இன்கிரீஸ்டு எல்லாம் ஒரே பையில் விழுந்து கூடுகின்றன. ஒவ்வொரு மோரும் தனியாகப் பெருக்குகிறது. மரத்தில் பெரும்பாலும் முதல் வகைதான் கிடைக்கும், ஸ்கில்லோடு இணைத்து அதைப் பலப்படுத்தும் சப்போர்ட் ஜெம்களில் இரண்டாம் வகை அதிகம். அதனால்தான் எல்லோரும் ஜெம் இணைப்பைப் பற்றி அவ்வளவு பேசுகிறார்கள். இது புரிந்த இரவில் அடுத்தடுத்து முப்பது கேள்விகளாவது கேட்டிருப்பேன். சலிக்காமல் பதில் வந்தது. ஒரே கேள்வியை ஐந்தாம் முறை கேட்கவும் கூச்சமில்லாத அந்த நிலை எனக்கு மிகவும் தேவைப்பட்டது. மனிதர்களிடம் அப்படிக் கேட்டிருக்க மாட்டேன்.

இரண்டாவது பெரிய உதவி, ஏன் சாகிறேன் என்று கண்டுபிடித்தது. கதையின் ஐந்தாம் பகுதியான ஐந்தாம் ஆக்டின் முடிவில் கிட்டாவா என்ற பாஸை, அதாவது பெரிய எதிரியை, வென்றேன். ஆறாம் ஆக்டில் சாதாரண எதிரிகளிடமே செத்து விழுந்துகொண்டிருந்தேன். கியர் (ஆயுதம், கவசம் முதலியவை) அதேதான், கையும் முன்பைவிடப் பழகியிருந்தது. "என்ன தவறு?" என்று கேட்டேன். அது உடனே பதில் சொல்லாமல் திருப்பிக் கேட்டது: ஒரே அடியில் சாகிறீர்களா, மெல்ல மெல்லவா? எதிரி வீசுவது நெருப்பா, பனியா, மின்னலா? கதாபாத்திரப் பக்கத்தில் எதிர்ப்பு எண்கள் எவ்வளவு? படித்துச் சொன்னேன். நெருப்பு எதிர்ப்பு 10. அப்போதுதான் விஷயம் வெளிவந்தது. கிட்டாவாவை வென்றதும் எல்லா எதிர்ப்புகளிலும் 30 சதவீதம் நிரந்தரமாகக் குறையும். பத்தாம் ஆக்டின் முடிவில் இன்னொரு 30 குறையும். 40 இருந்த என் நெருப்பு எதிர்ப்பு 10க்கு இறங்கியிருந்தது. அதாவது 100 அடிக்கு 60 வாங்கிய உடம்பு 90 வாங்கத் தொடங்கியிருந்தது. வழக்கமான உச்சவரம்பான 75ஐத் தொட்டுவிட்டால் அதே அடி 25தான். இந்தக் கணக்கைக் கண்முன் வைத்தபிறகு, மோதிரத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லத் தேவைப்படவில்லை.

இதிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. கணினியில் ஒரு பொருளின் மேல் சுட்டியை வைத்து கண்ட்ரோல் சி அழுத்தினால் அதன் முழு விவரமும் எழுத்தாக நகலாகிவிடும். அதை அப்படியே சாட்பாட்டில் ஒட்டுகிறேன். நினைவிலிருந்து பேச விட்டால் கற்பனை கலக்கிறது. கண்முன் எழுத்து இருந்தால் பெரும்பாலும் அதிலேயே நிற்கிறது. பொருள்களின் பெயர்களை மொழிபெயர்க்காதே என்றும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழில் கேட்டால் விளக்கம் நன்றாகவே வருகிறது, ஆனால் பொருள்களின் தன்மைகளை மாற்றப் பயன்படும் கேயாஸ் ஆர்பை 'குழப்பக் கோளம்' ஆக்கிவிடும். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு விளையாட்டுக்குள் எதைத் தேடுவது?

ஆமாம் போடும் குணம் இன்னொரு தொல்லை. கழுத்தில் அணியும் இரண்டு பதக்கங்களின் விவரத்தை ஒட்டி, "இரண்டாவதுதான் நல்லது என்று நினைக்கிறேன், சரிதானே?" என்றேன். சரி என்று நான்கு காரணங்கள் தந்தது. புதிய உரையாடலைத் திறந்து, அதே பதக்கங்களில் முதலாவதைப் புகழ்ந்து கேட்டேன். அதற்கும் சரி, வேறு நான்கு காரணங்கள். அன்றிலிருந்து என் விருப்பத்தைக் காட்டாமல்தான் கேட்கிறேன். மொத்தச் சேதம் எவ்வளவு என்ற கணக்கை அதனிடம் விடுவதே இல்லை. அதற்கு ஆட்டக்காரர்களே உருவாக்கி இலவசமாகத் தரும் பாத் ஆஃப் பில்டிங் என்ற கணக்கீட்டு மென்பொருள் இருக்கிறது.

சென்ற ஆண்டு என் தம்பியும் ஆட வந்தான். அவன் எடுத்தது இரண்டாம் பாகத்தை. 2024 டிசம்பரில் எர்லி ஆக்சஸில், அதாவது முழுமையாகும் முன்பே ஆடத் தரப்பட்ட நிலையில், வந்த பாத் ஆஃப் எக்சைல் 2 பல அடிப்படை விதிகளை மாற்றியிருக்கிறது. நான் கொடுத்த பழக்கத்தோடு அவனும் சாட்பாட்டைத் திறந்தான். மூன்றாம் நாள் மாலை என்னிடம் வந்து, "அண்ணா, ஒன்றோடொன்று இணைந்த ஆறு துளைகள் உள்ள கவசம் எங்கே கிடைக்கும்? மூன்று மணி நேரமாகத் தேடுகிறேன்" என்றான். அது முதல் பாகத்தின் விதி: அங்கே கவசம் போன்ற பொருள்களின் துளைகளில்தான் ஜெம்களைப் பொருத்தி இணைக்க வேண்டும். இரண்டில் சப்போர்ட் ஜெம்கள் ஸ்கில் ஜெம்முக்குள்ளேயே பொருத்தப்படுகின்றன. கவசத்தில் அப்படிப்பட்ட இணைப்பே கிடையாது. கேயாஸ் ஆர்ப் விஷயத்திலும் அதே குழப்பம். முதல் பாகத்தில் அது அபூர்வப் பொருளின் தன்மைகள் அனைத்தையும் மாற்றி எழுதும். இரண்டில் ஏதோ ஒரு தன்மையை நீக்கி வேறொன்றைச் சேர்க்கும், அவ்வளவுதான். பழைய விதியை நம்பி எல்லாம் புதிதாக வரும் என்று காத்திருந்தவன், ஒன்று மட்டும் மாறியதைப் பார்த்து வாடிப்போனான்.

இந்தக் குழப்பம் ஏன் என்று ஊகிப்பது கடினமில்லை. முதல் பாகம் 2013இல் வந்தது. பத்தாண்டுகளுக்கும் மேலாக மக்கள் அதைப் பற்றி எழுதிக் குவித்திருக்கிறார்கள். சாட்பாட் படித்து வளர்ந்தது ஒரு தேதி வரையிலான எழுத்தில். அதில் முதல் பாகத்தின் குரல்தான் ஓங்கி ஒலிக்கும். போதாக்குறைக்கு, வழக்கமாக மூன்று நான்கு மாதங்களுக்கு ஒரு முறை புதிய லீக் வந்து எண்களை மாற்றிவிடுகிறது. இணையத்தில் தேடிப் பதில் சொல்லும் வசதி இருந்தாலும், பழைய லீக்கின் கட்டுரையை எடுத்து வந்து புதிதுபோல நீட்டியதுண்டு. தம்பிக்கு நான் போட்ட விதி ஒன்றே ஒன்றுதான்: ஏன் என்று அதனிடம் கேள், எவ்வளவு என்று விளையாட்டிடம் கேள். அவன் இப்போது அடி வாங்கியதும் முதலில் எதிர்ப்பு எண்களைத்தான் பார்க்கிறான்.

நானும் முன்பு தினமும் கேட்டவன், இப்போது வாரத்துக்கு ஒன்றிரண்டு கேள்விகளோடு நிற்கிறேன். புதிய லீக் தொடங்கும்போது மட்டும் நீண்ட உரையாடல். விளையாட்டில் என்னென்ன மாறின என்று பட்டியலிடும் மாற்றக் குறிப்பு முழுவதையும் ஒட்டி, என் வில்லாளியைத் தொடுகிற வரிகளை மட்டும் மூலத்தில் உள்ளபடி எடுக்கச் சொல்கிறேன். சென்ற முறை 11 வரிகளை எடுத்துத் தந்தது. ஒவ்வொன்றையும் மூலத்தில் தேடிப் பார்த்தேன். பதினொன்றும் அங்கே இருந்தன. பன்னிரண்டாவதாக ஒரு வரி அதன் கண்ணில் படவில்லை, என் கண்ணில் பட்டது.