காசு வாங்கிய விமர்சனமும் என் வீட்டு ஸ்பீக்கரும்

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கும் இந்த ஸ்பீக்கர் ஜோடியை மலேசியாவின் ஈப்போவில் ஒரு கடையில் சொந்தக் காசு 700 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வாங்கினேன். கடையும் கம்பெனியும் எனக்கு எதுவும் தரவில்லை. வாங்கி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. எந்த விமர்சனமாக இருந்தாலும் முதலில் நான் தேடுவது இந்த விவரத்தைத்தான். நான் சொல்லப்போகும் குறைகள் இந்த விலையில் கிடைக்கும் பல ஸ்பீக்கர்களுக்கும் பொருந்தும் என்பதால் பெயரை எழுதவில்லை.

சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக்குத் தகரக் கூரை. காலையில் மின்னல் எஃப்எம் வானொலி, சாயங்காலம் இளையராஜா, ஞாயிற்றுக்கிழமை பையன்கள் போடும் உறுமி மேளம் என்று ஸ்பீக்கருக்கு ஓய்வே கிடையாது. குரல் இதில் அருமையாக வருகிறது. ஜானகி அம்மா பாடும்போது மூச்சு வாங்குவது கூடக் கேட்கும். அந்த விஷயத்தில், இந்த ஸ்பீக்கரைப் பற்றி நான் பார்த்த விமர்சனக் காணொளிகளில் சொன்னது அத்தனையும் உண்மை.

உறுமிதான் இதில் எடுபடவில்லை. வளைந்த குச்சியைத் தோலில் தேய்க்கும்போது அடிவயிற்றில் இறங்குமே ஒரு முனகல், அது வரவே இல்லை, மேலே விழும் அடி மட்டும்தான் கேட்கிறது. தாழ்ந்த ஒலியைத் தரும் வூஃபர் நாலு அங்குலம்தான், அதனிடம் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது, அதற்காகக் கம்பெனியைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் காணொளியில் “வீடே அதிரும் பேஸ்” என்று பேசியவர்களை அப்படி விட முடியாது.

பெட்டியில் 600 வாட் என்று பெரிதாக அச்சடித்திருக்கிறார்கள். கூடவே வந்த அடாப்டரைத் திருப்பிப் பார்த்தால் 24 வோல்ட், 2.5 ஆம்பியர். பெருக்கினால் 60 வாட். உள்ளே 60 வாட்தான் போகிறது என்றால் ஸ்பீக்கர் அதற்கு மேல் தொடர்ந்து எப்படித் தரும்? கண் சிமிட்டும் நேரத்துக்கு எழும்பும் உச்சத்தைத்தான் அப்படி எழுதுகிறார்கள். இதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். நான் பார்த்த காணொளிகளில் ஒருவர் கூட அந்த அடாப்டரைத் திருப்பிக் காட்டவில்லை.

அப்புறம் நம் ஊர் ஈரக்காற்று. ஒரு வருடம் தாண்டியதும் வால்யூம் குமிழின் ரப்பர் பூச்சு பிசுபிசுவென்று விரலில் ஒட்ட ஆரம்பித்தது. அதைத் திருகினால் கரகரவென்று சத்தம். உள்ளே மின் தொடுபுள்ளிகளைச் சுத்தம் செய்யும் கான்டாக்ட் கிளீனர் அடித்தால் சில மாதம் சரியாக இருக்கும், பிறகு மறுபடியும் அதே கதை. பெட்டியின் அடிப்பலகை ஓரத்தில் லேசாக உப்பியிருக்கிறது. குளிர்சாதன அறையில் ஒரு வாரம் வைத்துக் கேட்டவருக்கு இதெல்லாம் தெரிய வழியில்லை. அது அவர் தப்பில்லை. ஆனால் ஒரு வாரம்தான் கேட்டேன் என்று அவர் சொல்லியிருக்க வேண்டும்.

எங்கள் பட்டணத்திலேயே இப்படிக் காணொளி போடும் தம்பி ஒருவர் இருக்கிறார். நல்ல பிள்ளை. அவரிடம் நேராகவே கேட்டேன். “அண்ணே, நான் பொய் ஒன்றும் சொல்லலையே. குறையச் சொன்னா அடுத்த பொருள் அனுப்ப மாட்டாங்க” என்றார். அவர் கஷ்டம் எனக்குப் புரிகிறது. ஒளிப்பதிவுக்கும் எடிட்டிங்குக்கும் எத்தனை ராத்திரி போகும் என்று தெரியும், அந்த உழைப்புக்குக் கூலி வாங்குவது நியாயம்தான். ஆனால் காசு வந்ததைச் சொல்லாமல் விட்டால், கேட்கிறவர் அதை ஒரு நண்பரின் பேச்சாக நம்பிவிடுகிறார். தோட்டத்தில் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த காசு அந்த நம்பிக்கையில் போகிறது. கமிஷன் லிங்க் இன்னும் சிக்கல். அந்த லிங்க் வழியாக யாராவது வாங்கினால்தான் அவருக்கு வரும்படி, “வாங்க வேண்டாம்” என்று சொன்னால் ஒரு காசும் வராது. குறையைச் சொல்லாமல் விட இந்த ஏற்பாடே போதும்.

நம் நாட்டில் 1999-ம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், பொருளைப் பற்றித் திசைதிருப்பும் தகவல் தருவதைத் தடுக்கிறது. அமெரிக்காவில் 2024 அக்டோபரிலிருந்து போலி விமர்சனங்களுக்கு எதிராகத் தனி விதியே நடைமுறையில் இருக்கிறது.

நியாயம் என்பது வாங்குகிறவருக்கு மட்டும் உரியதும் இல்லை. டெலிவரியில் பெட்டி நசுங்கியதற்கு வாங்கியவர்கள் சிலர் ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு நட்சத்திரம் கொடுக்கிறார்கள். செய்தவனுக்கு அதுவும் அநியாயம்தான்.

சரி, வாங்கலாமா? பாட்டும் பேச்சும் கேட்பவர் என்றால் 700 வெள்ளிக்கு இது மோசமில்லை, இன்றைக்குக் கேட்டாலும் எனக்காக நான் இதையே வாங்குவேன். உறுமிக்கும் கல்யாண வீட்டுக்கும் இது வேண்டாம். கடையில் இரண்டை ஒப்பிடும்போது இரண்டின் சத்தத்தையும் ஒரே அளவுக்கு வைக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் உரக்க ஒலிப்பதுதான் காதுக்கு நல்லது போலத் தோன்றும், அந்த வித்தியாசம் ஒரு டெசிபலாக இருந்தாலே போதும். உங்களுக்கு மனப்பாடமான பாட்டைப் போனில் கொண்டு போங்கள், அடாப்டரையும் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள்.