சிவப்பு வட்ட ரைமர்: வாங்க முதல் பார்க்க வேண்டியவை

கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் இந்த ரைமர் நாலாயிரம் ரூபாவுக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைத்தது. வெள்ளை முகப்பு, நடுவில் ஒரு குமிழ், குமிழைத் திருகினால் வெளியே வரும் சிவப்புத் தட்டு. நேரம் போகப் போகச் சிவப்பு ஒடுங்கிக்கொண்டே வந்து கடைசியில் முகப்பு முழுக்க வெள்ளையாகிவிடும். ஒரு ஏஏ பற்றரி போதும். சாமான் இவ்வளவுதான். ஆனால் என் வேலைப் பையில் இருப்பவற்றில் அதிகம் உழைப்பது இதுதான்.

நான் பிஹேவியர் அனலிஸ்ட். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் ஓட்டிசம், டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளுடன் வகுப்பறையிலும் வீட்டிலும் வேலை செய்கிறேன். ஒரு பிள்ளை கத்தினால், கதிரையைத் தள்ளினால், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, பிறகு பிள்ளைக்கு என்ன கிடைத்தது என்று எழுதிவைத்துக் காரணம் தேடுவோம். அந்தத் தாள்களைப் புரட்டினால் திரும்பத் திரும்ப ஒரே கணம் வரும்: பிடித்ததை விட்டு எழும்பச் சொன்ன கணம். "இன்னும் அஞ்சு நிமிசம் மகன்" என்று அம்மா சொல்லியிருப்பார். அந்த அஞ்சு நிமிடம் எவ்வளவு நீளம் என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்? அதுவும் அது ஒரு நாள் இரண்டு நிமிடமாகவும் மறுநாள் இருபதாகவும் இருக்கிற வீட்டில்?

இந்த வடிவத்தை முதலில் செய்தவர் அமெரிக்காவின் சின்சினாட்டியைச் சேர்ந்த ஜான் றோஜர்ஸ் என்ற தாய். "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்டுக்கொண்டிருந்த தன் சின்ன மகளுக்காக 1990களில் செய்தார். அந்த அசலை இங்கே வரவழைத்தால் செலவு பல மடங்கு. நான் எழுதுவது புறக்கோட்டையில் பெயரில்லாப் பெட்டியில் வரும் வகையைப் பற்றி.

போனில் ரைமர் இருக்கிறதே, எதற்கு இது என்று பெற்றோர் கேட்பார்கள். போன்தானே பிள்ளைக்கு வேண்டிய சாமான்! அதைக் கண்முன்னே வைத்துக்கொண்டு "எழுது" என்றால் எப்படி எழுதும்? எண்கள் குறைந்துகொண்டு போகும் டிஜிட்டல் ரைமருக்கு எண் விளங்க வேண்டும். மணல் கடிகாரம் நல்லதுதான், ஆனால் மூன்று நிமிடக் கடிகாரம் என்றைக்கும் மூன்று நிமிடம்தான். டெப்பில் ஓடும் செயலிகளை நம்பியிருந்தவர்களுக்கு 2022 மின்வெட்டுக் காலம் நினைவிருக்கும்.

வாங்கும்போது முதலில் காதில் வைத்துப் பாருங்கள். சில ரைமர்கள் டிக் டிக் என்று ஓடும். வெளியே ஓடும் பஸ் சத்தத்தில் கடையில் நின்றால் அது கேட்காது. அமைதியான அறையில் நன்றாகக் கேட்கும். சத்தத்துக்கு அந்தரப்படும் பிள்ளைக்கு அது வேதனை. நான் வாங்கியது சத்தமில்லாமல் ஓடுகிறது. முடிவில் அடிக்கும் பீப் ஒலியை நிறுத்தப் பின்னால் ஒரு சுவிட்ச் இருக்கிறது. அந்தச் சுவிட்ச் இல்லாததை வாங்கவே வேண்டாம்.

அடுத்தது மூடி. என்னிடம் உள்ளதில் தட்டின் மேல் கண்ணாடி மூடி இல்லை. கொட்டாஞ்சேனையில் ஏழு வயதுப் பையன் ஒருவன். பொம்மை பஸ்ஸைத் தலைகீழாகப் பிடித்துச் சில்லுகளைச் சுழற்றிக்கொண்டிருப்பான். அதைக் கையிலிருந்து வாங்கினால் தலையை மேசையில் இடிப்பான். ரைமர் வைத்த முதல் கிழமையே சிவப்பு குறைவதைக் கூர்ந்து பார்க்கத் தொடங்கினான். ஒருநாள் சிவப்பு மெல்லிய கீற்றாக வந்ததும், பஸ்ஸை மடியில் வைத்துவிட்டு, சுட்டுவிரலால் தட்டின் ஓரத்தை மெதுவாகப் பின்னுக்கு இழுத்தான். சிவப்பு மறுபடி விரிந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தான்.

உதவி ஆசிரியை "ஐயோ, கள்ளன்!" என்று ரைமரைத் தூக்கப் போனார். நான் தடுத்தேன். பேச்சு வராத ஒரு பிள்ளை, தலையை இடிக்காமல், "இன்னும் கொஞ்ச நேரம் தாங்கோ" என்று கேட்டிருக்கிறது. இதைவிட வேறென்ன வேண்டும்? ஒரு நடத்தையால் பிள்ளைக்குக் கிடைப்பதையே கேட்டு வாங்கப் பழக்கினால் அந்த நடத்தை குறையும் என்று கார், டூராண்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1985 இல் காட்டினார்கள். அந்த வழியில் "இன்னும் கொஞ்சம்" என்ற படஅட்டை ஒன்றை லமினேட் செய்து ரைமருக்குப் பக்கத்தில் ஒட்டினோம். அட்டையைத் தந்தால் ஒருதரம் மட்டும் இரண்டு நிமிடம் கூட. இப்போது அட்டையைத்தான் தருகிறான். தட்டைத் தொடுவது அரிது.

அப்படியிருந்தும் வீட்டுக்கு வாங்குபவர்களுக்கு மூடியுள்ள ரைமரைத்தான் சொல்வேன். அட்டைக்குப் பழக்க ஆளில்லாத இடத்தில், இழுத்தால் நேரம் கூடும் என்பது மட்டும்தான் பிள்ளை படிக்கும் பாடம்.

எனக்கு உண்மையான குறை முகப்பில்தான். இது அறுபது நிமிட வட்டம். ஐந்து நிமிடம் வைத்தால் பன்னிரண்டில் ஒரு பங்கு மட்டும் சிவப்பாகும். இரண்டு நிமிடம் என்றால் கீறல் மாதிரி ஒன்று. தொடக்கத்தில் எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் வைப்பது இரண்டு, மூன்று நிமிடங்கள்தான். அவர்களுக்கு ஐந்து நிமிடமே முழு வட்டமாக வரும் ரைமர் வேண்டும். புறக்கோட்டையில் கேட்டால் "எல்லாம் ஒண்டுதான் மிஸ்" என்பார்கள். ஒன்றில்லை. குறுகிய நேரத்துக்கு வைத்தால் துல்லியமும் தடுமாறுகிறது, சில வேளை அரை நிமிடம் வரை. பிள்ளைக்கு அது பெரிதில்லை. தரவு எழுதுபவர்கள் தனியாக ஸ்டொப்வொச் வைத்துக்கொள்ளுங்கள்.

ரைமரை மேசையில் வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். வாட்டர்ஸ், லேர்மன், ஹொவனெட்ஸ் மூவரும் 2009 இல் வெளியிட்ட ஆய்வில், அடுத்து என்ன என்று காட்டும் பட அட்டவணை தனியாக உதவவில்லை. கத்தினால் விட்டதைத் திருப்பிக் கொடுக்காமலும், கத்தாமல் மாறினால் பரிசு கொடுத்தும் நடந்தபோதுதான் பலன் வந்தது. ரைமருக்கும் நான் அதையேதான் சொல்கிறேன். வெள்ளையானதும் பெரியவர் தாம் சொன்னதைச் செய்ய வேண்டும். முதல் சில தடவை வெள்ளையானதும் நல்லதொன்று வரட்டும்: பிஸ்கட், ஊஞ்சல், இடைவேளை. ஒவ்வொரு தடவையும் விளையாட்டைப் பறிக்க மட்டும் இதை எடுத்தால், பிள்ளை ரைமரைக் கண்டதுமே அழத் தொடங்கும். அப்புறம் எந்தக் கடைச் சாமானும் உதவாது.

வெள்ளவத்தைப் பக்கம் கடலோர மாடிவீடுகளில் இருப்பவர்களுக்கு ஒன்று. உப்புக்காற்றில் பற்றரி தொடும் தகடு பச்சை பிடித்துவிடுகிறது. பள்ளி விடுமுறை வந்தால் பற்றரியைக் கழற்றி வையுங்கள். பச்சை பிடித்திருந்தால் எலுமிச்சம்புளி தொட்ட பஞ்சால் துடைத்து நன்றாகக் காயவிட்டால் பெரும்பாலும் மறுபடி ஓடும்.

சொன்ன விலைக்கு வாங்கலாம், தாராளமாக. ஐந்து நிமிடத்துக்கு மேல் இருக்கப் பழகிய பிள்ளைக்கு இதுவே போதும். அதற்குக் குறைந்த நேரத்தில் நிற்கும் பிள்ளை என்றால் இப்போதைக்கு மூன்று நிமிட மணல் கடிகாரத்தை வாங்குங்கள். பாடசாலைப் பொருட்கள் விற்கும் கடைகளில் இதைவிட மலிவாகக் கிடைக்கும்.