தனி டிஸ்ட்ரோவா, ரீமிக்ஸா, பிளெண்டா? வேலூர்ப் பள்ளி ஆய்வகங்களுக்கு ஓர் அலசல்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பள்ளிகளின் கணினி ஆய்வகங்களுக்குத் தமிழில் இயங்கும் லினக்ஸ் இயங்குதளம் ஒன்று வேண்டும் என்று ஒரு மாணவர் குழு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பேச்சு பெரும்பாலும் பெயரில், லோகோவில்தான் தொடங்கும். ஆனால் முதலில் முடிவாக வேண்டியது வேறு: பாதுகாப்பு அப்டேட் யாரிடமிருந்து வரப்போகிறது? தனி டிஸ்ட்ரோ (சொந்தமாகக் கட்டும் லினக்ஸ் தொகுப்பு), ரீமிக்ஸ் (இருக்கும் டிஸ்ட்ரோவை மாற்றியமைத்த வடிவம்), பிளெண்ட் (இருக்கும் டிஸ்ட்ரோவுக்குள்ளேயே ஒரு துறைக்கான தொகுப்பு) ஆகிய மூன்று வழிகளும் பிரிவது அந்த இடத்தில்தான். அடித்தளம் டெபியன் என்ற டிஸ்ட்ரோவின் 13-ஆம் பதிப்பு (2025 ஆகஸ்ட் வெளியீடு) என்று எடுத்துக்கொண்டு ஒப்பிடுவோம்.

முதலில் எல்லை

எதைச் சேர்க்கிறோம், எதைச் சேர்க்கவில்லை என்று ஒரே பக்கத்தில் எழுதிவிடுங்கள். 6 முதல் 12 வரையிலான வகுப்புகள், 64-பிட், குறைந்தது 4 ஜிபி ரேம், தமிழ்99 தட்டச்சு, ஐஎஸ்ஓ கோப்பு (நிறுவும் வட்டின் முழு நகல்) 4 ஜிபிக்குள். கடைசி வரம்புக்குக் காரணம், பள்ளிக்குப் பள்ளி பென்டிரைவில்தான் இது போகும். எஃப்ஏடி32 முறையில் வடிவமைத்த பென்டிரைவில் அதைவிடப் பெரிய கோப்பு ஏறாது. 32-பிட் பழைய கணினிகளை வெளியே வைக்க வேண்டியதுதான். டெபியன் 13-இல் அவற்றுக்கு இன்ஸ்டாலரே கிடையாது.

ஆம்பூர் தோல் தொழிற்சாலைக் கணக்கு, குடியாத்தம் நெசவாளர் சங்கப் பதிவேடு இவற்றுக்கும் சேர்த்தே செய்யலாமே என்று யாராவது கேட்பார்கள். நியாயமான தேவைதான், ஆனால் இந்த வட்டுக்குள் வேண்டாம். சேர்க்கும் ஒவ்வொரு மென்பொருளையும் ஒவ்வொரு பதிப்பிலும் சோதித்தாக வேண்டும்.

பழைய வினாத்தாள்களுக்கும் இடம் ஒதுக்குங்கள். பாமினி, வானவில் போன்ற பழைய, யூனிகோட் அல்லாத எழுத்துருக்களில் அடித்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். எழுத்துருவை விநியோகிக்க உரிமம் வேண்டும். யூனிகோட் மாற்றியை, அதாவது அந்த எழுத்தைப் பொதுக் குறியீட்டுக்கு மாற்றும் கருவியைச் சேர்ப்பதே சரி.

தனி டிஸ்ட்ரோ

சொந்தக் களஞ்சியம் (மென்பொருள் இறங்கும் இடம்), சொந்தமாகக் கட்டிய பொதிகள் (நிறுவத் தயாரான மென்பொருள் கட்டுகள்), முழு அடையாளம். சுமையும் முழுச் சுமை. கெர்னல் (இயங்குதளத்தின் கரு), ஓப்பன்எஸ்எஸ்எல் (குறியாக்க நூலகம்) என்று டெபியனில் ஓட்டை அடைபடும்போதெல்லாம் நீங்களும் அதே வேகத்தில் மறுபடி கட்டி வெளியிட வேண்டும். ஃபயர்ஃபாக்ஸ் ஒன்றே ஏறக்குறைய மாதந்தோறும் வந்து நிற்கும். தேர்வு மாதத்தில் மாணவர்கள் காணாமல் போனால், பள்ளிக் கணினிகள் திறந்த கதவோடு இருக்கும். சி-டாக்கின் பாஸ் லினக்ஸ், கேரளத்தின் கைட் லினக்ஸ் இரண்டுக்கும் பின்னால் அரசு நிறுவனங்கள் இருக்கின்றன. அப்படி இருந்தும் ஒன்று டெபியன்மீதும் மற்றது உபுண்டுமீதும்தான் நிற்கிறது. ஊதியம் பெறும் ஆட்கள் இல்லாத குழுவுக்கு இந்த வழி வேண்டாம்.

ரீமிக்ஸ்

பொதிகள் எல்லாம் டெபியன் களஞ்சியத்திலிருந்தே வரும். லைவ்-பில்ட் கருவியில் பொதிப் பட்டியல், தமிழ் லொகேல் (மொழி அமைப்பு), ஐபஸ்-எம்17என் (தமிழ்த் தட்டச்சுப் பொதி), பின்னணிப் படம் ஆகியவற்றைக் கொடுத்து ஐஎஸ்ஓ எடுப்பீர்கள். பாதுகாப்பு அப்டேட் டெபியனிலிருந்து நேரே பள்ளிக்கு வந்துவிடும்.

சிக்கல் வருவது, டிஸ்ட்ரோவின் பெயரும் பதிப்பும் எழுதியிருக்கும் ஓஎஸ்-ரிலீஸ் கோப்பில். அதை நேரடியாகத் திருத்தினால், அந்தக் கோப்பைத் தரும் பேஸ்-ஃபைல்ஸ் பொதி அடுத்த முறை புதுப்பிக்கப்படும்போது உங்கள் பெயர் அழிந்துவிடும். சொந்தப் பொதி ஒன்றில் டிபிகேஜி-டைவர்ட் (வேறொரு பொதியின் கோப்பை வேறிடத்துக்குத் திருப்பும் கருவி) போட்டு மாற்றுவதே முறை. அப்போதும் ஐடி (டிஸ்ட்ரோவின் அடையாளம்), கோட்நேம் (பதிப்பின் புனைபெயர்) வரிகளைத் தொடாதீர்கள். டாக்கர் மென்பொருளுடையது போன்ற வெளிக் களஞ்சியங்களைச் சேர்க்கும் வழிமுறைகள் கோட்நேமைப் படித்துத்தான் முகவரி அமைக்கின்றன. அங்கே ‘பாலாறு’ என்று உங்கள் பெயர் இருந்தால் 404 (முகவரி இல்லை) பிழைதான் மிஞ்சும். ப்ரெட்டி நேமை (திரையில் காட்டும் பெயர்) மாற்றுங்கள், வேரியண்ட் (வகைப் பெயர்), வேரியண்ட் ஐடி வரிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த வரிகள் இருப்பதே இதற்காகத்தான்.

பெயரில் வணிகச்சின்னத்தையும் கவனிக்க வேண்டும். ‘டெபியன் அடிப்படையில் அமைந்தது’ என்று சொல்லலாம், டெபியனின் அதிகாரபூர்வ வெளியீடு போலக் காட்டக் கூடாது. டெபியனே 2006-இல் வணிகச்சின்னச் சிக்கலால் ஃபயர்ஃபாக்ஸ் பெயரை விட்டு ஐஸ்வீசல் என்று வைத்தது; பழைய பெயர் திரும்ப 2016 ஆயிற்று.

பிளெண்ட்

டெபியன் எடு (கல்வி), டெபியன் மெட் (மருத்துவம்) போல, டெபியனுக்குள்ளேயே மெட்டாபேக்கேஜாக (பிற பொதிகளை இழுத்து வரும் பட்டியல் பொதி) வாழ்வது. பராமரிப்பு மிகக் குறைவு, ஆனால் விதி கடுமை. ஜியோஜீப்ரா என்ற வடிவியல் மென்பொருளைக் கணித ஆசிரியர்கள் கேட்பார்கள். அதன் உரிமம் வணிகப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்துவதால் இன்றைய பதிப்பு, கட்டற்ற மென்பொருளுக்கான மெயின் பிரிவுக்குள் நுழைய முடியாது. மாற்றாகக் கிக் இருக்கிறது, பாடத்துக்குப் போதுமா என்று அவர்களிடமே கேளுங்கள். இன்னொன்று, டெபியனின் ஸ்டேபிள் (நிலையான) வெளியீடு ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு ஒன்று. தவறவிட்டால் காத்திருக்க வேண்டும்.

மெட்டாபேக்கேஜில் டிபெண்ட்ஸ் (கட்டாயம் வேண்டியவை) போடாமல் ரெகமண்ட்ஸ் (பரிந்துரைப்பவை) போடுங்கள். டிபெண்ட்ஸ் என்றால், ஓர் ஆசிரியர் ஜிகாம்ப்ரி என்ற கல்வி மென்பொருளை நீக்கியதும் மெட்டாபேக்கேஜும் கூடவே போய்விடும். பிறகு நீங்கள் புதிதாகச் சேர்ப்பது எதுவும் அந்தக் கணினிக்கு வராது.

எங்கள் தேர்வு

ரீமிக்ஸ் ஐஎஸ்ஓ, அதற்குள் ஒரு மெட்டாபேக்கேஜ், யூனிகோட் மாற்றிக்கும் அடையாளப் பொதிக்கும் மட்டும் சின்னக் களஞ்சியம். கட்டற்ற உரிமம் உள்ளதை ஒவ்வொன்றாக டெபியனுக்கே அனுப்பிவிடலாம். களஞ்சியம் சுருங்கச் சுருங்க உங்கள் வேலையும் குறையும். களஞ்சியத்தின் கையொப்பச் சாவி (பொதிகள் உங்களிடமிருந்தே வந்தவை என்று உறுதிசெய்வது) காலாவதியானால் எல்லாப் பள்ளியிலும் அந்தக் களஞ்சியத்தின் அப்டேட் ஒரே நாளில் நின்றுவிடும். மூன்று ஆண்டு ஆயுள் வையுங்கள், முடிய ஆறு மாதம் இருக்கும்போதே புதுப்பித்த சாவியைக் கீரிங் (சாவிக்கொத்து) பொதி வழியாக அனுப்பிவிடுங்கள். சாவி இருவரிடம் இருக்கட்டும், அதில் ஒருவராவது இந்த ஆண்டு படிப்பை முடித்து ஊரைவிட்டுப் போகாதவராக இருக்க வேண்டும்.