கொளத்தூர் ‘நானோ மெரைன் காம்போ’: தொட்டி சூப்பர், கூட குடுத்த சாமான்ல பாதி வேஸ்ட்

சென்னை கொளத்தூர்ல கலர் மீன் கடைங்க இருக்குற பக்கம் போனீங்கன்னா இப்போ அங்கங்க "நானோ மெரைன் காம்போ"ன்னு ஒரு செட்டு போட்டு விக்குறாங்க, வீட்டுல சின்னதா கடல்தண்ணி தொட்டி வைக்குறவங்களுக்கு. ரெண்டடி தொட்டி, லைட்டு, வடிகட்டுன தண்ணிய திரும்ப தொட்டிக்கு தள்ளுற ரிட்டர்ன் பம்ப், தண்ணிய அலை மாதிரி ஓட விடுற குட்டி வேவ்மேக்கர், ஒரு உப்பு பாக்கெட், உப்பு அளக்க ஹைட்ரோமீட்டர், ஒரு ஹீட்டர், கொஞ்சம் மண்ணு, எல்லாம் சேத்து எனக்கு 11,500 ரூபாய்க்கு குடுத்தாங்க. கடை பேரு போடல, ஏன்னா கிட்டத்தட்ட இதே செட்டுதான் பக்கத்து கடைங்கள்லயும் வேற வேற ஸ்டிக்கர் ஒட்டி நிக்குது, அதனால இத கடைக்கு எழுதுன ரிவ்யூவா பாக்காதீங்க, செட்டுக்கு எழுதுனதா பாருங்க. ஒரு சென்னை கோடையும் ஒரு மழைக்காலமும் தாண்டி தொட்டி இன்னும் ஓடிட்டு இருக்கு.

முடிவ மொதல்லயே சொல்லிடுறேன். தொட்டிக்கு பத்துக்கு எட்டு, லைட்டுக்கு ஆறு, பம்புக்கு அஞ்சு, ஹைட்ரோமீட்டருக்கு முட்டை. இந்த செட்டுல கண்ணுக்கு தெரியுறதெல்லாம் இருக்கு, தண்ணிக்குன்னு உருப்படியா ஒண்ணும் இல்ல. ரீஃப் டேங்க்ல, அதாவது பவளம் வைக்குற கடல்தண்ணி தொட்டியில, நீங்க வளக்குறதே தண்ணியதான், மீனும் பவளமும் அதுல தானா இருந்துக்கும். பட்ஜெட் கம்மின்னா அந்த கம்மி பட்ஜெட்ல பெரும்பங்கு தண்ணிக்கு போகணும், இவங்க போட்டிருக்குற கணக்கு அப்படியே தலைகீழ்.

தொட்டி 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி ஒசரம், 8 எம்எம் கண்ணாடி, மேல ஃப்ரேம் கெடையாது. கணக்குக்கு 56 லிட்டர், ஆனா கல்லு மண்ணு போட்டு மேல ஒரு இஞ்ச் விட்டா நெஜமான தண்ணி 45 லிட்டர் கிட்டதான் வரும், மருந்து உப்பு எல்லாத்துக்கும் இந்த 45-அதான் கணக்குல எடுத்துக்கணும். பின்னாடி கறுப்பு தடுப்பு போட்டு மூணு அறை, மொத அறையில பஞ்சு, நடுவுல செராமிக் ரிங், மூணாவதுல பம்ப். சிலிகான் வேலை ரொம்ப சுத்தம், மூலை மூலையா டார்ச் அடிச்சு பாத்தேன் ஒரு குமிழி இல்ல, விளிம்பெல்லாம் பாலிஷ் போட்டிருக்கு கையில கீறாது. ஒரே குறை, முன்னாடி தண்ணி பின்னாடி வழியுற இடத்துல சீப்பு வெட்டு வெட்டியிருக்காங்கல்ல, அந்த பல்லு இடைவெளி கொஞ்சம் அகலம், சின்ன நத்தைங்க நைட்டோட நைட்டா உள்ள போயி பம்ப் அறையில குடித்தனம் பண்ணுது. பிளாஸ்டிக் கொசுவலை துண்டு ஒண்ணு சொருகுனா பிரச்சினை முடிஞ்சுது.

லைட்டு டப்பால 60 வாட்ஸ்னு போட்டிருக்கு, வாட் மீட்டர்ல போட்டு பாத்தா அதுல பாதி கூட வரல. இது சைனா லைட்டுங்கள்ல சகஜம்னு வெச்சுக்கங்க. ஆனா ப்ளூ தனியா ஒயிட் தனியா ஏத்தி எறக்கலாம், மஷ்ரூம், ஸோவா மாதிரி மெத்துன்னு இருக்குற பவள வகைங்களுக்கு இந்த வெளிச்சம் தாராளம். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், ஒயிட்ட கொறச்சு ப்ளூவ ஏத்தி வெச்சிருக்கேன், பாசி கட்டுப்பாட்டுல இருக்கு. டைமர் கூட வரல, தனியா டைமர் பிளக் வாங்கி மாட்டணும். பம்ப் ஓடுது, ஆனா முனகுது. பெட்ரூம்ல வைக்குற ஐடியா இருந்தா கேட்டுட்டு வாங்குங்க. வேவ்மேக்கர் பத்தி சொல்ல ஒண்ணுமில்ல, சுத்துது.

இப்போ ஹைட்ரோமீட்டர். ஒரு பிளாஸ்டிக் டப்பா, உள்ள ஒரு முள்ளு, தண்ணி ஊத்துனா முள்ளு மெதந்து 1.020, 1.025ன்னு தண்ணியோட அடர்த்திய காட்டும், அத வெச்சு உப்ப கணக்கு பண்ணணும். பாக்க ஈஸியா இருக்கும், அதான் டேஞ்சர். அந்த முள்ளுல ஒரு குட்டி காத்து குமிழி ஒட்டுனா போதும் முள்ளு மேல ஏறிடும், உப்பு கரெக்டா இருக்குன்னு நீங்க நெனச்சுட்டு இருப்பீங்க, தொட்டியில உப்பு கம்மியா இருக்கும். என்னோடது ஒரே தண்ணிக்கு தட்டி தட்டி பாத்ததுல தடவைக்கு ஒரு நம்பர் காட்டுச்சு. கடல் தண்ணின்னா 35 பிபிடி (கிலோ தண்ணிக்கு 35 கிராம் உப்பு), அந்த முள்ளு கணக்குல 1.026, இதுல அங்க இங்க ஆடுனா மீன் தாங்கும், பவளமும் நத்தையும் தாங்காது.

அதனால ஆயிரத்து சொச்சத்துக்கு ஒரு ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கிடுங்க, வெளிச்சம் தண்ணியில எவ்ளோ வளையுதுன்னு வெச்சு உப்ப அளக்குற கருவி அது. அதுலயும் ஒரு விஷயம் இருக்கு, நெறைய பேரு பாக்குறதில்ல. கம்மி விலையில கெடைக்குறதுல முக்கால்வாசி சாதா உப்புக்கரைசலுக்கு ஸ்கேல் போட்டது, கடல் தண்ணிக்கு போட்டது இல்ல. வெறும் ஆர்ஓ தண்ணி ஊத்தி சைபர்ல செட் பண்ணிட்டு கடல் தண்ணிய பாத்தா 35 இருக்குறத 36.5 கிட்ட காட்டும். நீங்க அத 35-க்கு கொண்டு வர்றேன்னு உப்ப கொறைப்பீங்க. இதுக்கு வீட்டுலயே வழி இருக்கு: அயோடின் கலக்காத சுத்தமான சோடியம் குளோரைடு 36.5 கிராம், சைபர் டிடிஎஸ் தண்ணி (கரைஞ்ச உப்பு எதுவுமே இல்லாத தண்ணி) 963.5 கிராம், ரெண்டையும் டிஜிட்டல் தராசுல நிறுத்து கலக்கி, அத ரெண்டு சொட்டு கண்ணாடியில விட்டு மூடி, தொட்டி இருக்குற ரூம்லயே ஒரு நிமிஷம் ஆற விட்டு, உள்ள பாக்குறப்போ நீலமும் வெள்ளையும் சந்திக்குற கோடு 35-ல நிக்குற வரைக்கும் அந்த குட்டி ஸ்க்ரூவ திருப்புங்க. அவ்ளோதான். மிச்ச கரைசல மூடி இறுக்கி வெச்சுக்கிட்டா அடுத்த தடவைக்கும் ஆகும், மூடி லூஸா இருந்தா தண்ணி ஆவியாகி கரைசலே தப்பாயிடும்.

கூட குடுத்த உப்பு பாக்கெட் கட்டியா இருந்துச்சு. பெரிய பக்கெட்ட பிரிச்சு கிலோ கிலோவா கவர்ல கட்டி விக்குறது இங்க சகஜம், ஆனா நம்ம ஊரு காத்துல இருக்குற ஈரத்துக்கு உப்பு கலவை கவர்ல தாங்காது, போதாக்குறைக்கு பக்கெட்ல அடியில ஒரு கலவை மேல ஒரு கலவைன்னு படிஞ்சிருந்தா உங்களுக்கு வந்த கிலோவுல கால்சியம் எவ்ளோ மெக்னீசியம் எவ்ளோன்னு அந்த ஆண்டவனுக்குதான் வெளிச்சம். ரெட் ஸீயோ இன்ஸ்டன்ட் ஓஷனோ ஏதோ ஒரு பிராண்டு, சீல் பிரிக்காத பாக்கெட்டா வாங்கி காத்து போகாத டப்பால போட்டு வைங்க. பயப்படுற செலவு இல்ல இது. லிட்டருக்கு 36-ல இருந்து 38 கிராம், வாரம் அஞ்சு லிட்டர் மாத்துனா மாசத்துக்கு முக்கா கிலோ. கலக்குறப்போ தண்ணியில உப்ப கொஞ்சம் கொஞ்சமா போடணும், உப்பு மேல தண்ணிய ஊத்துனா வெள்ளையா திரிஞ்சு அடியில படிஞ்சிடும், அது திரும்ப கரையாது.

தண்ணி எங்கருந்து எடுக்குறது? போர் தண்ணி பேச்சே வேணாம். கேன் வாட்டர்ல டேஸ்ட்டுக்கு மினரல் சேக்குறாங்க, அதுவும் ஆகாது. வீட்டு ஆர்ஓல கூட டிடிஎஸ் கன்ட்ரோலர்னு ஒண்ணு இருக்கும், வடிகட்டுன தண்ணியோட வடிகட்டாத தண்ணிய கொஞ்சம் கலந்து விடும், அதனால மெம்பிரேன்ல இருந்து வர்ற ட்யூப்லயே ஒரு டி (T) இணைப்பு போட்டு தனியா எடுத்து, அதுக்கப்புறம் மிச்ச உப்பையும் புடிச்சு வெச்சுக்குற டிஐ ரெசின் குடுவை ஒண்ணு மாட்டுனா டிடிஎஸ் மீட்டர் சைபர் காட்டும். நிறம் மாறுற ரெசினா வாங்குனா எப்போ தீந்துச்சுன்னு பாத்தாலே தெரியும். இந்த குடுவையும் ரெசினும் டிடிஎஸ் மீட்டரும் சேத்து எனக்கு ரெண்டாயிரத்துக்குள்ள முடிஞ்சுது. காம்போல லைட்ட விட இதான் இருந்திருக்கணும்.

"பக்கத்துலதான் கடல் இருக்கே, எதுக்கு சார் உப்பு வாங்குறீங்க"ன்னு கடைக்கார அண்ணன் கேட்டாரு. நியாயமான கேள்விதான், நெறைய பேரு ஈசிஆர் பக்கம் போயி கேன்ல புடிச்சிட்டு வர்றாங்க, நல்லாவும் ஓடுது. ஆனா வடகிழக்கு பருவமழை அடிச்சா ஆறெல்லாம் வந்து கலந்து கரையோர தண்ணியில உப்பு எறங்கிடும், கூவம் அடையாறு முகத்துவாரம் பக்கம் எடுக்குறது நெனச்சே பாக்க முடியாது, 2023 டிசம்பர்ல வெள்ளத்தோட எண்ணூர் கழிமுகத்துல எண்ணெய் கலந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். எந்த வாரம் தண்ணி எப்படி இருக்கும்னு தெரியாம 45 லிட்டர் தொட்டியில ஊத்துறது எனக்கு ஒத்துவரல. பெரிய தொட்டிக்காரங்களுக்கு வேணா கணக்கு வேற.

இந்த செட்டுல எனக்கு நெஜமாவே கோவம் வந்த இடம் சூடு. காம்போல ஒரு ஹீட்டர் வெச்சிருக்காங்க! சென்னையில! ஊட்டிக்காரங்களுக்கு உபயோகமா இருக்கும். இங்க மே மாசத்துல தொட்டி தானாவே 31, 32 டிகிரிக்கு போயி நிக்கும், பவளத்துக்கு 24-ல இருந்து 27 வரைக்கும் சொகம், 30 தாண்டுனா வேதனை. 2016 கோடையில கடல் சூடேறி மன்னார் வளைகுடாவுலயே பவளம் வெளுத்து போச்சுன்னா நம்ம கண்ணாடி பெட்டி எந்த மூலைக்கு. தண்ணிய குளுர வைக்குற சில்லர் வாங்கலாம், ஆனா அது இந்த மொத்த செட்ட விட விலை ஜாஸ்தி. பட்ஜெட்காரங்களுக்கு ஒரே வழி 12 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேன் ரெண்ட தொட்டி விளிம்புல மாட்டி தண்ணி மேல படுற மாதிரி ஓட விடுறது, ரெண்டு மூணு டிகிரி எறங்கும், காத்துல ஈரம் ஜாஸ்தியா இருக்குற நாள்ல அதுவும் கம்மியாதான் எறங்கும்.

ஃபேன் போட்டா தண்ணி ஆவியாகும், உப்பு ஆவியாகாது, அப்போ உப்பு ஏறிக்கிட்டே போகும். அந்த மூணாவது அறை இங்கதான் கைகொடுக்குது, ஆவியாகுறதெல்லாம் அங்க மட்டும்தான் கொறையும், முன்னாடி மட்டம் அப்படியே இருக்கும். அந்த அறை கண்ணாடியில ஒரு டேப்ப கோடா ஒட்டி, காலையில ஒருக்கா சாயங்காலம் ஒருக்கா கோடு வரைக்கும் நல்ல தண்ணி ஊத்துங்க, உப்புத்தண்ணி இல்ல, சைபர் டிடிஎஸ் நல்ல தண்ணி. ரெண்டு நாள் ஊருக்கு போறீங்கன்னா மட்டம் எறங்குனா தானா நல்ல தண்ணி விடுற ஆட்டோ டாப்-அப் ஃப்ளோட் வால்வு ஒண்ணு மாட்டியே ஆகணும், பக்கத்து வீட்டு அக்காகிட்ட சொல்லிட்டு போனா பாசத்துல ஒரு குடம் ஊத்திடுவாங்க.

காம்போ கூட "லைவ் ராக் நாலு கிலோ தர்றேன் சார், விலை பேசிக்கலாம்"னு ஒரு ஆஃபர் வந்துச்சு, லைவ் ராக்னா நுண்ணுயிர் குடியிருக்குற கடல் கல்லு, ஆனா பாத்தா செத்த பவள எலும்பு. தயவு செஞ்சு வாங்காதீங்க. 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டத்துல 2001-லயே கடின பவளம் எல்லாத்தையும், கடல் விசிறியையும் சேத்துட்டாங்க, கடல் குதிரையும் அந்த லிஸ்ட்ல இருக்கு, புலிக்கு இருக்குற அதே சட்டம் இதுக்கும். மன்னார் வளைகுடாவுல 21 தீவ சுத்தி 1986-ல தேசிய பூங்கா அறிவிச்சதுக்கு ஒரு முக்கிய காரணம் இந்த பவளம். பீங்கான்ல செஞ்ச செயற்கை கல்லு கெடைக்குது, மொதல்ல வெள்ளையா அசிங்கமா இருக்கும், ஊதா பாசி புடிக்க நேரம் எடுக்கும், ஆனா அதுல வேண்டாத புழு பூச்சி எதுவும் கூட வராது. உயிருக்கு மஷ்ரூமும் ஸோவாவும் போதும், அதுவும் இன்னொருத்தர் தொட்டியில வளந்து பிரிச்சதா, எங்கருந்து வந்துச்சுன்னு கேட்டு வாங்குங்க. ஸோவாவ வெட்டுறப்போ கையுறையும் கண்ணுக்கு கண்ணாடியும் போடுங்க, அதுல பாலிடாக்சின்னு கடுமையான விஷம் இருக்கு, ஸோவா ஒட்டியிருந்த கல்ல வெந்நீர்ல போட்டு கழுவுற வேலையே வேணாம்.

மீனு? 45 லிட்டருக்கு ஒரு ஜோடி க்ளவுன் மீனு, முடிஞ்சுது. மண்டபம் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் (சிஎம்எஃப்ஆர்ஐ) பரங்கிப்பேட்டை அண்ணாமலை பல்கலைக்கழக கடல் உயிரியல் மையமும் க்ளவுன் குஞ்சு பொரிக்க வெச்சு வளக்குற முறைய எப்பவோ கொண்டு வந்துட்டாங்க, அதனால தொட்டியில பொறந்த க்ளவுனே கேட்டு வாங்கலாம், மொத நாளே பெல்லட் சாப்புடும். கடையில நீல டேங் மீன காட்டி "குட்டிதான் சார் வெச்சுக்கங்க"ம்பாங்க, அது ஒரு அடிக்கு வளர்ற மீனு. எது வாங்குனாலும் தொட்டி சைக்கிள் ஆகி, அதாவது கழிவ உடைக்குற பாக்டீரியா உள்ள வளந்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் சைபர் வந்த அப்புறம்தான், அதுக்கு சாதாரணமா நாலுல இருந்து ஆறு வாரம் ஆகும். கழிவ நுரையா பிரிச்சு எடுக்குற ஸ்கிம்மர் இந்த சைசுக்கு தேவையில்ல, வாராவாரம் தண்ணி மாத்துனா போதும்.

கரண்ட் போனா என்ன பண்றதுன்னும் காம்போல பதில் இல்ல, பேட்டரில ஓடுற ஏர் பம்ப் ஒண்ணு தனியா வாங்கி வைங்க. உப்பு படிஞ்சு பிளக் பாயின்ட் வரைக்கும் வரும், ஒயர் பிளக்குக்கு கீழ தொங்கி அப்புறம் மேல ஏறுற மாதிரி விட்டு சொருகுங்க, கரண்ட் கசிஞ்சா கட் பண்ற ஆர்சிசிபி வீட்டுல இல்லன்னா மொதல்ல எலக்ட்ரீஷியன கூப்புடுங்க.

எல்லாம் சேத்து எனக்கு இருபதாயிரத்த ஒட்டி வந்துச்சு. இப்போ போயி வாங்குறவங்க காம்போவா கேக்காதீங்க. "அண்ணா, தொட்டியும் லைட்டும் மட்டும் போதும், ஹீட்டர், ஹைட்ரோமீட்டர், உப்பு எல்லாம் எடுத்துக்கங்க, விலைய கொறச்சு சொல்லுங்க"ன்னு கேளுங்க. மொதல்ல செட்டு ஒடைக்க மாட்டோம்னுதான் சொல்லுவாங்க, வண்டி சாவிய எடுத்தீங்கன்னா கூப்புடுவாங்க. அப்படியே சீப்பு பல்லு இடைவெளி கம்மியா வெட்டி தர சொல்லுங்க, ஆர்டர் குடுத்து செய்யுற தொட்டிதான, அதுக்கு எக்ஸ்ட்ரா காசு கேட்டா குடுக்காதீங்க.