கல்லடியில் ஒரு காதற்பாடல் விளக்க வகுப்பு: மதிப்புரை

ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் மட்டக்களப்பின் கல்லடியில் தமது வீட்டு விறாந்தையில் சனிக்கிழமை மாலைகளில் நடத்தும் காதற்பாடல் விளக்க வகுப்புக்குச் சில மாதங்களாகப் போய் வருகிறேன். சங்கப் பாடல் ஒன்றையும், நமது பகுதியின் நாட்டுக்கவி அல்லது திரைப்பாடல் ஒன்றையும் சோடி சேர்த்து, ஓர் அமர்வில் இரண்டு பாடல்களுக்கு மேல் போகாமல் அவர் பொருள் சொல்கிறார். கட்டணம் 500 ரூபாய். பாடல்கள் அச்சிட்ட தாளும் நடுவில் வரும் இஞ்சிப் பிளேன்ரீயும் அதற்குள் அடங்கும். உயர்தரப் பரீட்சைக்குக் குறிப்பு எடுக்கலாம் என்று வருகிறவர்களுக்கு இங்கே அதிகம் கிடைக்காது. ஒரு காதற்பாட்டை யார், யாரிடம், எந்த நிலையில் நின்று சொல்கிறார் என்று கேட்டுப் பழக விரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடத்தை நமது மாவட்டத்தில் நான் அறியேன்.

வகுப்பின் தரத்தைக் காட்ட ஓர் அமர்வைச் சற்று விரிவாகச் சொல்வதே பொருத்தம். அன்று எடுத்தது குறுந்தொகையின் 40ஆம் பாட்டு.

யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்
யானும் நீயும் எவ்வழி யறிதும்
செம்புலப் பெயனீர் போல
அன்புடை நெஞ்சம் தாங்கலந் தனவே.

என் தாயும் உன் தாயும் ஒருவருக்கொருவர் யார், என் தந்தையும் உன் தந்தையும் எந்த முறையில் உறவினர், நானும் நீயும் எவ்வாறு அறிமுகமானோம், இருந்தும் செம்மண்ணில் பெய்த மழைநீர் போல நம் நெஞ்சங்கள் தாமாகக் கலந்துவிட்டன என்பது இதன் நேர்ப்பொருள். இதை எழுதியவரின் சொந்தப் பெயர் நமக்குக் கிடைக்காததால், பாட்டின் உவமையையே பெயராக்கிச் செம்புலப் பெயனீரார் என்று வழங்குகிறோம். இந்த அளவு பள்ளிக்கூடத்திலேயே எல்லோருக்கும் சொல்லித் தரப்படுகிறது. ஆசிரியர் இங்கிருந்துதான் தொடங்குகிறார்.

பாட்டின் கீழ் மரபாக வரும், யார் எந்த நிலையில் சொல்வது என்று காட்டும் கூற்றுக் குறிப்பை அவர் முதலில் வாசிக்கச் சொன்னார். தலைவனும் தலைவியும் கூடிய பின்னர், இவன் தன்னை விட்டுப் பிரிந்துவிடுவானோ என்று அவள் அஞ்சுகிறாள். அந்த அச்சம் அவளுடைய முகக்குறிப்பில் தெரிய, அதைக் கண்ட தலைவன் சொல்லும் சொற்கள் இவை. கலியாண அழைப்பிதழ்களிலும் மேடைகளிலும், உலகத்துக்கே அறிவிக்கும் காதல் முழக்கமாக இந்த வரிகளை நாம் பயன்படுத்தி வருகிறோம். குறிப்போடு சேர்த்து வாசிக்கும்போதோ, பயந்துபோன ஒரு பெண்ணுக்கு அவன் மிக அருகில் நின்று கொடுக்கும் உறுதிமொழியாகப் பாட்டு மாறிவிடுகிறது. மூன்று கேள்விகளும் அவனுடைய வியப்பு மட்டுமல்ல; அவள் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கும் பயத்தை அவள் சொல்லாமலே அவன் எடுத்துச் சொல்வதும் ஆகும். உறவில்லை, முன்பழக்கமில்லை, பிடித்து நிறுத்த எவருமில்லை, இவன் போய்விட்டால் நான் யாரிடம் கேட்பது என்பதுதானே அவளுடைய கவலை? அந்தக் கவலையின் ஒவ்வொரு காரணத்தையும் ஒப்புக்கொண்ட பிறகே அவன் மழையையும் மண்ணையும் காட்டுகிறான். இந்த ஒழுங்கை ஆசிரியர் விளக்கிய விதம் என் மனத்தில் ஆழமாகப் பதிந்தது.

அடுத்து அவர் சொன்னதை மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ வளர்ந்தவர்கள்தான் முழுமையாக உணர முடியும் என்று நினைக்கிறேன். தலைவன் எண்ணிப் பார்க்கும் உறவுகளில் தாய்மார் முதலில் வருகிறார்கள். தந்தையர் அதற்குப் பின்னரே. நமது பகுதியில் குடி என்னும் வம்சப் பிரிவு தாய்வழியாக வருவது. ஒரே குடியைச் சேர்ந்தவர்கள் உடன்பிறந்தவர்களாகக் கருதப்படுவதால் அவர்களுக்குள் மணம் செய்வதில்லை. தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் இந்த வழக்கம் இருந்து வருகிறது. கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் பொறுப்பு முதல் கலியாணப் பேச்சு வரை "தாய் என்ன குடி?" என்ற கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகுதான் மற்றப் பேச்சு. ஆகவே "யாயும் ஞாயும் யாரா கியரோ" என்று வாசித்த உடனே, விறாந்தையில் இருந்த மூத்தவர்களின் முகத்தில் ஒரு தெளிவு வந்ததை நான் கண்டேன். சங்கப் புலவருக்கு நமது குடிமுறை தெரிந்திருந்தது என்று ஆசிரியர் சொல்லவில்லை, அப்படிச் சொல்லவும் கூடாது என்று எச்சரித்தார். நமது வீடுகளில் இன்றும் கேட்கப்படும் கேள்வியைக் கொண்டே அந்தப் பாட்டுக்குள் போகலாம் என்பது மட்டுமே அவர் காட்டிய வழி.

உவமைக்கும் அவர் அவசரப்படவில்லை. கடலுக்கும் வாவிக்கும் இடையில் வெண்மணலில் வாழும் எழுவான்கரை மக்களுக்குச் செம்மண் தண்ணீர் அன்றாடக் காட்சி அல்ல. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில், வெயிலில் காய்ந்து கிடந்த செம்மண் கிறவல் வீதியில் மாரியின் முதல் மழை விழுவதைப் பார்த்தவர்களை நினைத்துப் பார்க்கச் சொன்னார். வீதியோரம் ஓடும் நீரைக் கையில் அள்ளினால் நிறத்தை மட்டும் தனியே எடுத்து வெளியே போட முடியாது. வானத்திலிருந்து வருகிற நீருக்கும் கீழே கிடக்கிற மண்ணுக்கும் முன்பு ஒரு தொடர்பும் இல்லை. கலந்த பிறகோ பிரிக்க வழியில்லை. முதல் மூன்று அடிகளின் கேள்விகளுக்கும் அவளுடைய பயத்துக்கும் அந்த ஓர் உவமையே விடையாகிறது. நீரை மண்ணோடு கலந்துவிட இடையில் ஒருவரும் தேவைப்படவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். தோழியும் இல்லை, கலியாணத் தரகரும் இல்லை.

இதற்குச் சோடியாக வயற்புறத்துக் கவி ஒன்றை எடுத்தார்கள். வட்டை என்னும் வயல்வெளியில் காவல் இருந்தவர்களும், நெற்கதிரைச் சூடு மிதித்தவர்களும், தமிழர் முஸ்லிம்கள் என்ற வேறுபாடின்றிப் பாடி வந்த நாலடிக் கவிகளில் காதலன் பெரும்பாலும் "மச்சான்" ஆகவே வருகிறான். அது வெறும் செல்லப் பெயர் என்று கடந்து போகிறவர்கள் அந்தக் கவியின் பாதியை இழக்கிறார்கள். மாமன் மகனும் மாமி மகனும் முறை மச்சான்கள். மணம் செய்ய உரிமை உள்ளவர்கள். ஒரு பெண் தன் காதலனை அப்படி அழைக்கும்போது, அவன்மீது தனக்குள்ள முறையையும் சேர்த்தே சொல்கிறாள். கலியாணத்துக்குப் பின்னர் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து வாழ்வதும், வீடு மகளுக்கே சீதனமாகப் போவதும் நமது வழக்கம் என்பதால், வாசலில் காத்திருக்கும் பெண்ணின் குரலில் ஏக்கத்தோடு ஓர் உரிமையும் ஒலிக்கிறது. குறுந்தொகைத் தலைவன் உறவு எதுவும் இல்லாத இடத்தில் அன்பைக் காட்டுகிறான். கவியில் வரும் பெண் உறவைக் காட்டி அன்பைக் கேட்கிறாள். இரண்டையும் ஒரே மாலையில் அடுத்தடுத்துக் கேட்டபோதுதான், இரண்டு பாட்டுகளுக்கும் பின்னால் கைவிடப்பட்டுவிடுவோமோ என்ற ஒரே அச்சம் நிற்பது எனக்குத் தெரிந்தது. இப்படிச் சோடி சேர்ப்பதே இந்த வகுப்பின் தனிச்சிறப்பு என்பேன்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து வரும் மாணவி ஒருவர், "சேர், அவன் இவ்வளவு சொல்றான், அவள் திருப்பி ஒண்டும் சொல்லலியா?" என்று கேட்டார். "இல்ல பிள்ளை, பாட்டுல அவளுக்குப் பேச்சு இல்ல. அவள்ட முகத்தைப் பார்த்துத்தான் அவன் பேசுறான். நாம அந்த முகத்தை மறந்திரக் கூடாது" என்றார் ஆசிரியர். விடை சரியானதே. ஆயினும் அந்த மாணவியின் கேள்விக்குள் இந்த வகுப்பின் குறையும் இருக்கிறது. நான் போன அமர்வுகளில் ஆண் குரலில் வரும் சங்கப் பாடல்களே எடுக்கப்பட்டன. குறுந்தொகையிலேயே பெண்பாற் புலவர் வெள்ளிவீதியார் பாடிய 27ஆம் பாட்டு இருக்கிறது. கன்றும் குடிக்காமல் கறக்கும் பாத்திரத்திலும் விழாமல் நல்ல பசுவின் பால் நிலத்தில் வீணாகச் சிந்துவதுபோல், தன் அழகு தனக்கும் ஆகாமல் தன் தலைவனுக்கும் உதவாமல் பிரிவால் மேனியில் படரும் பசலை நிறத்துக்கு இரையாகிறது என்று தலைவி வாய்திறந்து சொல்லும் பாட்டு அது. மாடு கறந்து தயிர் உறைய வைக்கும் நமது ஊர்களில் பால் நிலத்தில் சிந்துவதன் வலியைத் தனியே விளக்க வேண்டியதில்லை. அடுத்த சுற்றில் இதனைக் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்று ஆசிரியரிடமும் கேட்டிருக்கிறேன்.

திரைப்பாடல்களுக்கு ஒதுக்கும் நேரமும் போதாது. படத்தில் அந்தப் பாட்டு எந்த இடத்தில் வருகிறது, யாருடைய வாயில் வருகிறது என்பதைச் சொல்லாமல் வரிகளை மட்டும் எடுத்துப் பேசுவது, சங்கப் பாடலுக்கு அவரே கற்பிக்கும் முறைக்கு மாறாக இருக்கிறது. தாளின் எழுத்து மிகச் சிறியது. கண்ணாடி போடுகிறவர்கள் அதைக் கொண்டு வருவது நல்லது.

வகுப்பு மாலை 4.30க்குத் தொடங்குகிறது. முடியும் நேரம் கேள்விகளைப் பொறுத்தது, 6.30ஐத் தாண்டுவதும் உண்டு. படுவான்கரைப் பக்கமோ கல்முனைப் பக்கமோ திரும்ப வேண்டியவர்கள் கடைசி பஸ்ஸின் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு வர வேண்டும். மாணவர்களுக்குப் பாதிக் கட்டணம். முதல் தடவை வருகிறவர்கள் பணம் கட்டாமல் ஓர் அமர்வு இருந்து பார்க்கலாம்.